உளத்துயரை அளக்கும் கோல்

கடந்த இரு வாரங்களுள் எத்தனை நாட்கள் உறக்கங் கெட்டது, எத்தனை நாட்கள் உணவில் நாட்டமின்றிக் கழிந்தன, எத்தனை நாட்கள் தன்மீதே வெறுப்புத் தோன்றிற்று என்றவாறு ஒன்பது வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி. கூட்டுத்தொகை 27ஐ விஞ்சாது. 10ஐ எட்டினால் நடுத்தர மனச்சோர்வு. 20ஐ எட்டினால் கடுமையானது. பி.எச்.கியூ-9 எனப் பெயர் கொண்ட இவ் வினாக்கொத்தே, கைத்தொலைபேசி வாயிலாக உளநலம் வழங்க முன்வந்திருக்கும் செயலிகள் பலவற்றுக்கு இன்று தராசாக விளங்குகின்றது. அத் தராசு எதனை நிறுக்கின்றது என வினவாமலே அதன் தீர்ப்பை ஏற்கும் மனப்பான்மை கற்றோரிடையிலும் வேரூன்றி வருகின்றது. அதனை மறுத்துரைப்பதே இக் கட்டுரையின் நோக்கம்.

அளத்தல் தவறு என நாம் வாதிடவில்லை. ரொனால்ட் கெஸ்லரும் அவர்தம் குழுவினரும் 2002இல் வெளியிட்ட கே-10, கே-6 எனும் அளவைகள், பெருந்தொகை மக்களிடையே உளத்துயரின் பரம்பலை அறிதற்பொருட்டு எழுந்தவை. அப்பணிக்கு அவை ஏற்றவையே. 2001இல் வெளியான பி.எச்.கியூ-9உம் நேரமற்ற பொது மருத்துவர், தம்மை நாடி வருவோருள் யாரிடம் மேலும் பேசவேண்டும் எனக் கண்டறிய உதவும் ஒரு சல்லடையாகவே தோன்றியது. (மனச்சோர்வுக்கான மருந்தொன்றை விற்றுவந்த பைசர் நிறுவனத்தின் நிதியுதவியுடன் அது உருவாயிற்று என்பதையும் மறந்துவிடலாகாது.) ஆனால் சல்லடை வேறு, தராசு வேறு. பேச்சைத் தொடக்குவதற்கென ஆக்கப்பட்ட வினாக்கள், பேச்சே வேண்டாத சிகிச்சையின் வெற்றிக்குச் சான்றாக மாறியதே இங்கு நேர்ந்த பிறழ்வு.

இதற்கு எடுத்துக்காட்டு வோபொட் என்னும் உரையாடற் செயலி. 2017இல் வெளியான அதன் முதற் பரிசோதனையிற் பங்குகொண்டோர் 70 பேர். 18க்கும் 28க்கும் இடைப்பட்ட வயதினரான அமெரிக்க இளைஞர். ஒரு சாரார் செயலியுடன் உரையாடினர். மறுசாராருக்கு மனச்சோர்வு பற்றிய மின்னூல் ஒன்று வழங்கப்பட்டது. காலம் இரண்டு வாரம்! முடிவில் செயலியைப் பயன்படுத்தியோரின் பி.எச்.கியூ-9 புள்ளி இறங்கியிருந்தது. பதகளிப்பின் அளவோ இரு சாராரிடமும் ஒருங்கே குறைந்தது. பன்னிருவர் இறுதி வினாக்களுக்கு விடையளிக்கவேயில்லை. ஆய்வறிக்கையை எழுதிய மூவருள் ஒருவர் அச்செயலியை ஆக்கிய நிறுவனத்தின் தாபகர். இத்துணைச் சிறிய கால்மீதுதான் 'மனச்சோர்வைக் குறைக்கும் செயலி' என்ற பெரும் பெயர் நிறுத்தப்பட்டது. அச்செயலியும் 2025 யூன் 30ஆந் திகதியுடன் மூடப்பட்டுவிட்டது.

அதே 2017ஆம் ஆண்டு பெப்ரவரியில், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் கிளிநொச்சியில் தம் தொடர்போராட்டத்தைத் தொடங்கினர். மகனின் நிழற்படத்தை மடியில் வைத்து வீதியோரம் அமர்ந்த ஒரு தாயிடம் மேற்கூறிய ஒன்பது வினாக்களையும் தொடுப்பதாகக் கொள்வோம். உறக்கம் இல்லை, பசி இல்லை, மனம் ஒன்றில் நிலைப்பதில்லை. புள்ளிகள் மளமளவென்று ஏறும். எனினும் அவளுடைய துயரின் பொருளாகிய மகனைப் பற்றி அவ்வினாக்களுள் ஒன்றேனும் பேசாது. இனி, செயலியொன்று நாள்தோறும் மூச்சுப் பயிற்சியும் நல்லெண்ணப் பயிற்சியும் அளித்து அவள் புள்ளியை 18இலிருந்து 9க்கு இறக்கிவிட்டதெனின், எது குணமாயிற்று? அவள் தேடுவதை நிறுத்திவிட்டாளாயின் அதுவும் அந்த ஏட்டில் வெற்றியாகவே பதியப்படும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராக விளங்கிய தயா சோமசுந்தரம், போரின் வடு தனிமனித உள்ளத்தில் மாத்திரமன்றிக் குடும்பத்திலும் சமூகத்திலும் பதிந்துள்ளதெனப் பல்லாண்டுகளாக எழுதி வந்துள்ளார். சமூகத்திற் பதிந்த வடுவைத் தனியாளின் கைத்தொலைபேசி எவ்வாறு எண்ணும்?

மொழியையும் நோக்குக. நம்மவர் 'எனக்கு மனச்சோர்வு' என்று சொல்லிக்கொண்டு வைத்தியரிடம் செல்வது அரிது. 'ஒரே யோசினையாய்க் கிடக்கு', 'நெஞ்சுக்குள்ளை அடைக்குது', 'தலை விறைக்குது' என்பர். பெருமூச்சொன்றே சில வேளை முழுவிடையாகிவிடும். மொழிபெயர்க்கப்பட்ட வினாக்கொத்து, அம்மக்கள் சொல்ல வந்ததை விடுத்துத் தான் கேட்க வந்ததையே கேட்டுத் திரும்புகின்றது.

மாற்றுவழி இல்லையா? சிம்பாப்வேயில் உண்டு. ஷோனா மொழியில் 'குஃபுங்கிசிசா' என்றால் அளவுக்கு மீறி யோசித்தல். நம் 'யோசினை'யின் உடன்பிறப்பு எனலாம். அம்மக்கள் தம் துயரைச் சொல்லும் முறைகளைத் திரட்டி, விக்ரம் பட்டேலும் பிறரும் 1990களில் பதினான்கு வினாக்கள் கொண்ட அளவையை ஆக்கினர். பின்னர் டிக்சன் சிபண்டா முன்னெடுத்த 'நட்பு வாங்கு' முயற்சியில், பயிற்சி பெற்ற மூதாட்டியர் சிகிச்சை நிலையங்களின் முற்றத்தில் வாங்கிலமர்ந்து, கடனோ கணவனோ பட்டினியோ, வந்தவரை அழுத்தும் பிரச்சினை எதுவெனக் கேட்டு, ஒன்றைத் தெரிந்து அதற்கு வழிதேட உதவினர். ஹராரேயின் 24 நிலையங்களில் 573 பேரிடையே நடந்த பரிசோதனையின் முடிவு 2016இல் வெளியாயிற்று. ஆறு மாதத்தின் பின்னரும் பயன் தெரிந்தது. அங்கும் எண் உண்டு. ஆயின் கோல் அம்மண்ணில் வெட்டப்பட்டது, துயரின் காரணமும் கேட்கப்பட்டது.

உளமருத்துவர் மிகச் சிலரேயுள்ள நாட்டில் கைத்தொலைபேசியேனும் உதவட்டுமே என்பார் நண்பர் சிலர். உதவட்டும். மனிதக் குரலுடன் இணைக்கும் 1926 என்ற தேசிய உளநலத் தொலைபேசி எண்ணை யாம் குறைகூறோம். குரலை நீக்கிவிட்டு வினாக்கொத்தை மாத்திரம் எஞ்சவிடுவதையே எதிர்க்கின்றோம். அவ் விடைகள் எங்கு செல்கின்றன என்பதும் ஐயத்துக்குரியதே. பெட்டர்ஹெல்ப் என்னும் இணையவழி ஆலோசனை நிறுவனம், தன்னை நாடியோரின் உளநல விபரங்களை விளம்பரத்துக்காக முகநூல் முதலியவற்றுடன் பகிர்ந்ததாக அமெரிக்க வாணிப ஆணைக்குழு 2023இல் குற்றஞ்சாட்ட, 78 இலட்சம் டொலர் செலுத்த அந்நிறுவனம் உடன்பட்டது.

ஆகவே, உளநலச் செயலியொன்றைப் பரிசோதிக்கும் திட்டத்துக்குக் கையொப்பமிடுமுன் நம் விரிவுரையாளரும் மாணவரும் மூன்றைக் கேட்பாராக: வினாக்கள் யாருடைய வாய்மொழியிலிருந்து எடுக்கப்பட்டன? புள்ளி குறைந்ததன்றி வாழ்வில் மாறியது யாது? விடைகள் யாருடைய பெட்டகத்துட் செல்கின்றன? மருத்துவபீடத்தாரும் தமிழ்த்துறையினரும் ஒருங்கமர்ந்து, துயரைச் சுட்டும் நம் பேச்சுவழக்குகளை மாவட்டந்தோறும் திரட்டும் பணிக்கோ எவருடைய செயலியும் வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும், கேட்கும் பொறுமையும் போதும்.