வில்லன் மேல் பரிதாபப்படலாமா?



கொஞ்சம் நீளமான பதிவு. வேலையாக இருப்பவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு படியுங்கள். சொந்தக்காரர்கள் சிலருக்குக் கடைசிப் பகுதி பிடிக்காமல் போகலாம். முழுவதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

போன மாதம் நம் மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி கேள்வி போட்டிருந்தார். இப்போது ஓசூரில் வேலை. "ஐயா, 'தி பென்குவின்' சீரியல் பார்த்தேன். அவன் பண்றது பூரா அக்கிரமம். ஆனா அம்மா மேல அவ்வளவு பாசம். பாத்தா பாவமா இருக்கு. வில்லன் மேல பாவப்படறது தப்பாங்கய்யா?" என்று. உடனே நாலைந்து பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். "தமிழய்யாகிட்ட போய் இங்கிலீஷ் சீரியலைக் கேக்குறியே" என்று ஒருவர்.

கேட்டது நல்ல கேள்வி. பார்க்காமல் பதில் சொல்லக் கூடாது என்று மகனிடம் சொல்லி மடிக்கணினியில் போடச் சொன்னேன். எட்டுப் பகுதி. கீழே ஓடும் எழுத்தை நிறுத்தி நிறுத்திப் படித்துப் பத்து நாளில் முடித்தேன்.

உங்களில் பலருக்குச் சூப்பர் ஹீரோ என்றால் முதலில் சக்திமான்தான். 1997இல் தூர்தர்ஷனில் ஆரம்பித்தது. பெரம்பலூர் தனி மாவட்டமாகி இரண்டே வருடம். திங்கட்கிழமை இடைவேளையில் பையன்கள் ஒரு கையைத் தூக்கிக்கொண்டு பம்பரமாகச் சுற்றுவார்கள். இரண்டு பேர் சுவரில் மோதி நெற்றி வீங்கி வந்திருக்கிறார்கள். சக்திமானாக நடித்த முகேஷ் கன்னா அதற்கு முன் தொலைக்காட்சி மகாபாரதத்தில் பீஷ்மர். வில்லன் கில்விஷாக வந்த சுரேந்திர பால் அதே மகாபாரதத்தில் துரோணர்.

அந்தக் கில்விஷுக்கு அம்மா உண்டா, தங்கை உண்டா? கிடையாது. அவன் இருட்டின் அரசன், அவ்வளவுதான். வீடு வாசல் இல்லாத வில்லன் செத்தால் யாருக்கும் வருத்தம் இல்லை. பிள்ளைகளுக்கு அது போதும். ஆனால் வளர்ந்த பிறகு நாம் சந்திக்கிற கெட்டவர்கள் யாரும் இருட்டிலிருந்து வருவதில்லை. நம் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள். அதனால்தான் இன்றைய கதைகளில் வில்லனுக்கும் ஒரு வீடு வைக்கிறார்கள். அது நல்லது என்றுதான் நான் சொல்வேன்.

2021 டிசம்பரில் வந்த 'மின்னல் முரளி' மலையாளப் படத்தைத் தமிழிலேயே பார்த்திருப்பீர்கள். பேசில் ஜோசப் இயக்கியது. ஒரே ராத்திரியில் இரண்டு பேர் மேல் மின்னல் விழுகிறது. இரண்டு பேருக்கும் ஒரே சக்தி. தையல்காரன் ஜெய்சனுக்கு வளர்த்த அப்பா இருக்கிறார், அக்கா இருக்கிறாள், கூடவே சுற்றும் அக்கா மகன் இருக்கிறான். தப்பு செய்தால் கேட்க ஆள் உண்டு. டீக்கடையில் வேலை பார்க்கும் ஷிபுவுக்கு யாரும் இல்லை. ஊரே கிறுக்கன் என்று ஒதுக்கி வைத்தவன். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து ஒரு பெண்ணை மனத்தில் வைத்திருக்கிறான். அவள் குழந்தையின் வைத்தியத்துக்காக வங்கியில் கொள்ளையடிக்கிறான். பிறகு கொலை. அப்புறம் ஊர்க்காரர்கள் வைத்த தீயில் அந்தப் பெண்ணே போய்விடுகிறாள். ஷிபுவாக நடித்தவர் நம் குரு சோமசுந்தரம். கூத்துப்பட்டறையில் தயாரானவர், 'ஜோக்கர்' படத்தில் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெண் அவனை ஏற்றுக்கொள்ளும் காட்சியில் அவர் முகத்தைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. ஷிபு மேல் பரிதாபப்படாதவன் மனிதன் இல்லை. அவனைக் கையைப் பிடித்து "வேண்டாம்டா" என்று சொல்ல ஒருத்தரைக்கூட அந்த ஊர் மிச்சம் வைக்கவில்லை.

இப்போது பென்குவினுக்கு வருகிறேன். கதையைச் சொல்லப் போகிறேன், பார்க்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

இது பேட்மேன் உலகத்துக் கதை, 2024இல் வந்தது. பேட்மேன் இதில் தலையே காட்டுவதில்லை. காலைச் சாய்த்து நடக்கிற ஆஸ்வால்ட் என்ற ரவுடி, கோத்தம் நகரத்தைக் கைக்குள் கொண்டுவரப் பார்க்கிறான். கேட்டால் எல்லாம் அம்மாவுக்காக என்பான். அம்மாவுக்கு ஞாபகம் தப்பிக்கொண்டிருக்கிறது. அவன் தலை சீவிவிடுகிறான், சமாதானப்படுத்துகிறான், நாமும் உருகிப்போகிறோம். பாதிக்கு மேல் போன பிறகுதான் தெரிகிறது. சின்ன வயதில் சொந்த அண்ணன் தம்பி இரண்டு பேரையும் சுரங்கத்துக்குள் பூட்டிவிட்டு வந்தவன் இவன். வெளியே அடைமழை. தண்ணீர் ஏறுகிறது. இவன் வீட்டுக்கு வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்து டிவியில் படம் பார்க்கிறான். அம்மாவின் பாசம் முழுவதும் தனக்கே வேண்டும், அதுதான் காரணம். கடைசியில் தன்னைக் குடும்பமாக நினைத்த அநாதைப் பையனையும் பூங்கா பெஞ்சில் உட்காரவைத்துக் கழுத்தை நெரிக்கிறான்.

என்னை உலுக்கியது இன்னொன்று. பிள்ளைகளைக் கொன்றது இவன்தான் என்று அந்த அம்மாவுக்கு முன்பே தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. மிச்சம் இருப்பது இவன் ஒருவன்தானே என்று விழுங்கிக்கொண்டாள். அவள் அன்று முழுங்கிய வார்த்தைக்கு ஒரு நகரமே பிற்பாடு விலை கொடுக்கிறது.

இதைப் பார்த்தபோது எனக்குக் கம்பன் ஞாபகம் வந்தது. (தமிழய்யா வேறெங்கே போவார் என்று சிரிக்காதீர்கள்.) இராவணனை வெறும் அரக்கனாகக் கம்பன் விடவில்லை. அவனுக்குப் பெரிய குடும்பம் வைத்தான். அந்தக் குடும்பத்தில் எத்தனை பேர் அவனிடம் தப்பைத் தப்பென்று சொன்னார்கள் என்று எண்ணிப் பாருங்கள். விபீடணன் சொன்னான். பாட்டன் மாலியவான் சொன்னான். பெற்ற பிள்ளை இந்திரசித்து கடைசிப் போருக்குப் போகும் முன், பயந்து சொல்லவில்லை, உங்கள் மேல் உள்ள அன்பால் சொல்கிறேன், அந்த ஆசையை விட்டுவிடுங்கள் என்றான்.

எல்லாருக்கும் மேல் கும்பகர்ணன். பட்டிமன்றங்களில் கர்ணனா, கும்பகர்ணனா என்று வைப்பார்கள். இருவரும் செஞ்சோற்றுக் கடன் தீர்த்தவர்கள். 1964இல் சிவாஜி நடித்த 'கர்ணன்' பார்த்து அழாதவர் இல்லை. ஆனால் சபையில் திரௌபதிக்கு அநியாயம் நடந்தபோது கர்ணன் நண்பன் பக்கம் நின்று பேசியவன். கும்பகர்ணன் அப்படி இல்லை. மந்திராலோசனையிலேயே, அடுத்தவன் மனைவியைச் சிறை வைத்துவிட்டு நாம் மானம் பேசலாமா என்று அண்ணன் முகத்துக்கு நேரே கேட்டான். தூக்கத்திலிருந்து எழுப்பிப் போருக்கு அனுப்பும்போதும் சீதையை விட்டுவிடு என்றான். கேட்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் ஆயுதத்தை எடுத்தான். களத்தில் விபீடணன் வந்து கூப்பிட்டபோது, சோறு போட்டு வளர்த்தவனை விட்டு நான் வரமாட்டேன், நீயாவது பிழைத்திரு என்று அனுப்பி வைத்தான். அண்ணனைச் சொல்லித் திருத்தவும் பார்த்தான், கைவிடவும் இல்லை. பாசம் என்றால் இந்த இரண்டும் சேர்ந்ததுதான் என்று முப்பத்து நாலு வருடம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள்.

சொன்ன நான் என்ன செய்தேன் என்பதைத்தான் இப்போது எழுதப்போகிறேன்.

எங்கள் உறவில் ஒருவர், எனக்கு அண்ணன் முறை. இப்போது உயிரோடு இல்லை. நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போனபோது கையில் காசில்லாமல் நின்றேன். தன் சைக்கிளை விற்று எனக்குப் பணம் கட்டியவர் அவர். அப்படிப்பட்ட மனிதர். அரியலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் சீட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். இருபது பேர், மாதம் ஆயிரம் ரூபாய். அப்படி நாலு சீட்டு. கட்டியவர்கள் யார்? வெங்காயம் அறுக்கப் போகும் பெண்கள், சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர்கள், பருத்தி போட்ட சின்ன விவசாயிகள். அதில் பாதிப் பேர் என் மாணவர்களின் பெற்றோர்.

2006ஆம் வருடம் வைகாசியில் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். ஆனியில் ஒரு நாள் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார். "தம்பி, சீட்டுப் பணத்த எடுத்துத்தான் பாப்பா கல்யாணத்த முடிச்சேன். தையில பொரட்டிடுவேன். யார்ட்டயும் சொல்லாத." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பாத்துக்கங்கண்ணே." இரண்டு வார்த்தைகூட இல்லை. உள்ளே போய்க் காபி கொண்டுவந்து கொடுத்தேன்.

ஆடி, ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை. ஐந்து மாதம் சனம் கட்டிக்கொண்டே இருந்தது. எனக்குத் தெரியும். மார்கழியில் சீட்டு உடைந்தது. அவசரத்துக்குத் தள்ளி எடுத்தவர்கள் தப்பித்தார்கள். தள்ளு போகாமல் முழுப்பணமாக வாங்கலாம் என்று கடைசி வரை எடுக்காமல் வைத்திருந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அப்படிச் சேர்த்த ஒரு அம்மாவின் மகள் அப்போது பிளஸ் டூவில் என் மாணவி. நர்சிங் படிக்க வைக்க அந்தச் சீட்டு. ஜூனில் அவள் டி.சி. வாங்க வந்தாள். படிப்புக்கு அல்ல, திருப்பூர் பனியன் கம்பெனிக்கு. என்னைப் பார்த்துச் சிரித்து, "போய்ட்டு வரேங்கய்யா" என்றாள். டி.சி.யில் நடத்தை நன்று என்று எழுதியிருந்தது. என் நடத்தையை யார் எழுதுவது?

அண்ணன் ஒரு ஏக்கர் நிலத்தை விற்றுக் கொஞ்சம் பேருக்குக் கொடுத்தார். ஊரை விட்டுப் போனார். போன இடத்தில் கஷ்டப்பட்டுச் செத்தார். கருமாதியில் எல்லாரும் அவர் நல்ல மனதைப் பற்றியே பேசினோம். நானும் சைக்கிள் கதையைச் சொல்லி அழுதேன். அந்த அழுகை பொய் இல்லை. ஆனால் அன்று ஒருவர்கூட அந்த அம்மாவின் பேரை எடுக்கவில்லை.

பென்குவின் முடிந்த மறுநாள் எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். பதினேழு மாதம் கட்டியிருந்தார்கள், பதினேழாயிரம். கவரில் வைத்துக் கொடுத்து, ஆனி மாதமே எனக்குத் தெரியும் என்பதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருந்தா அஞ்சு மாசம் கட்டாம இருந்திருப்பனேங்க வாத்தியாரே" என்றார். கவரைப் பிரித்து எண்ணி ஐயாயிரத்தை எடுத்துக்கொண்டு பன்னிரண்டாயிரத்தைத் திருப்பிக் கொடுத்தார். "இது உங்க அண்ணன் கணக்கு. அத நீங்க குடுத்து எனக்கு வேணாம்." எனக்கு டீயும் போட்டுக் கொடுத்தார்.

ஓசூர்த் தம்பி கேட்டதற்கு அந்த அம்மா எவ்வளவு தெளிவாகப் பதில் சொல்லிவிட்டார் பாருங்கள். செய்தவன் கணக்கு தனி, தெரிந்தும் சும்மா இருந்தவன் கணக்கு தனி. வில்லன் மேல் தாராளமாகப் பரிதாபப்படுங்கள் தம்பி. அவன் அம்மாவை, மகளை, அவன் பட்ட அவமானத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் அவனால் கெட்டவர்கள் பேரையும் அதே நேரத்தில் ஞாபகம் வையுங்கள். குடும்பத்துக்காகத்தான் செய்தேன் என்று அவன் சொன்னால், அந்தக் குடும்பத்தில் யார் அவனைத் தடுத்துக் கேட்டார்கள் என்று பாருங்கள். கேட்டிருந்தால் என் அண்ணன் கும்பிட்டாவது அந்த நாலு சீட்டையும் ஆனியிலேயே நிறுத்தியிருப்பார். அவர் கெட்டவர் இல்லை. நான் கேட்கவில்லை.

உங்கள் வீட்டிலும் அண்ணன், மாமா, மச்சான் யாராவது திண்ணையில் உட்கார்ந்து இப்படி ஒன்றைச் சொன்னால் காபி பிறகு கொடுங்கள். முதலில் "இது தப்புண்ணே" என்று சொல்லுங்கள். அப்புறம் கூடவே இருங்கள்.

அண்ணன் பிள்ளைகள் இதைப் படித்துவிட்டு வருத்தப்படுவார்கள் என்று தெரியும். உங்கள் அப்பா எனக்குச் செய்ததை நான் மறக்கவில்லை. போன் செய்யுங்கள், எவ்வளவு நேரமானாலும் பேசுவோம். அந்த மாணவியும் இப்போது நம் குழுவில் இருக்கிறார். அம்மா, நேரில் வந்து உன்னிடமும் சொல்ல வேண்டும். எப்போது வரலாம் என்று மட்டும் சொல்.

அன்புடன்,
உங்கள் தமிழய்யா

பி.கு: பென்குவினில் ரத்தமும் கெட்ட வார்த்தையும் நிறைய. பிள்ளைகள் தூங்கிய பிறகு பாருங்கள். அவர்களுக்கு இப்போதைக்குச் சக்திமான் போதும். அதில் ஒவ்வொரு பகுதி முடிவிலும் தப்பு செய்த பிள்ளை சக்திமானிடம் மன்னிப்புக் கேட்கும். அன்று அதைச் சின்னப்பிள்ளைத்தனம் என்று நினைத்தேன்.