தஞ்சாவூரில் என்ன பார்ப்பது?

"தஞ்சாவூரில் பார்க்கத் தகுந்தவை என்னென்ன? அரை நாள் போதுமா?"

சென்னையிலுள்ள என் நண்பர் ஒருவர் இப்படிக் கேட்டு எழுதியிருந்தார். "தாராளமாய்ப் போதும், பார்க்காமல் திரும்புவதற்கு அரை நாளே அதிகம்" என்று பதில் எழுதினேன். நண்பர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, மனைவியுடனும் பெண்ணுடனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மோட்டாரில் வந்து இறங்கிவிட்டார்.

அவர் கையில் ஒரு ஜாபிதா இருந்தது. எட்டு மணிக்குப் பெரிய கோயில், ஒன்பதரைக்கு அரண்மனை, பதினோரு மணிக்குத் தலையாட்டிப் பொம்மை, தட்டு, கண்ணாடிக்கல் பதித்த கிருஷ்ணன் படம், பன்னிரண்டுக்குச் சாப்பாடு, ஒரு மணிக்குப் புறப்பாடு. ரயில்வே உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். நிமிஷம் தவறமாட்டார்.

அவருடைய பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது. மூன்று வருஷமாய் வீணை கற்றுக்கொள்கிறாள். ஜாபிதாவை அவளும் எட்டிப் பார்த்தாள்.

"மாமா! தஞ்சாவூர் சங்கீதத்துக்குப் பேர் போன ஊர் என்று எங்கள் டீச்சர் சொன்னார்களே. அதை எங்கே போய்ப் பார்க்கிறது?" என்று கேட்டாள்.

நண்பர் சிரித்தார். "சங்கீதத்தைக் கேட்கத்தான் முடியும், அசடே! பார்க்க முடியாது" என்றார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. நேயர்களே, இந்த ஊருக்கு வருகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்று எனக்குத் தோன்றிற்று. நண்பரின் ஜாபிதாவை வாங்கி மடித்து என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அன்றைக்கு நானே அவர்களுக்கு வழிகாட்டி ஆனேன். அன்று போன வழியையே இங்கே எழுதுகிறேன். வருகிற விடுமுறையில் தங்களுக்கும் பயன்படலாம்.

பெரிய கோயிலுக்கு விடியற்காலையிலேயே போய்விட வேண்டும். நடுப்பகலில் போனால் சந்நிதி சாத்தியிருக்கும்; கற்றரை பாதத்தைப் பொசுக்கிவிடும். கோபுரத்தின் நிழல் கீழே விழாது என்று யாராவது தங்களிடம் சொல்லக்கூடும். காலையிலும் மாலையிலும் அது தாராளமாகவே விழுகிறது. உச்சியிலிருப்பது எண்பது டன் எடையுள்ள ஒரே கல் என்பார்கள். ஆராய்ந்தவர்கள் அது பல கற்களால் ஆனது என்கிறார்கள். இம்மாதிரிக் கதைகளெல்லாம் இந்தக் கோயிலுக்கு அவசியமே இல்லை. 200 அடிக்கு மேல் எழும்பி நிற்கும் விமானத்தை 1010-ஆம் ஆண்டில் முடித்துக் கலசம் வைத்தான் ராஜராஜ சோழன் என்ற உண்மையே போதாதா?

ஆனால் பெண் கேட்டது சங்கீதத்தை அல்லவா? ஆகையால் விமானத்தை அண்ணாந்து பார்த்தது போதும் என்று சொல்லி, சுற்று மாளிகையின் வடக்குப் பக்கத்துச் சுவரைப் பற்றிச் சொன்னேன். அங்கேயுள்ள கல்லெழுத்தில், கோயிலில் தேவாரப் பதிகம் பாடுவதற்கு நாற்பத்தெட்டுப் பேரும், உடுக்கை வாசிக்க ஒருவரும், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவரும் ஆக ஐம்பது பேர் நியமிக்கப்பட்ட செய்தி இருக்கிறது. ஆளுக்கு நாள் ஒன்றுக்கு மூன்று குறுணி நெல் சம்பளம்.

அதைவிடப் பெரியது இன்னொரு சாசனம். 1014-ஆம் ஆண்டை ஒட்டியது. சோழ நாட்டுக் கோயில்கள் பலவற்றிலிருந்து நானூறு ஆடல் மகளிரை ராஜராஜன் தஞ்சைக்கு வரவழைத்தான். கோயிலைச் சுற்றித் தளிச்சேரி என்ற வீதிகளை அமைத்து, ஒவ்வொருத்திக்கும் ஒரு வீடும், ஒரு பங்கும் கொடுத்தான். ஒரு பங்கு என்பது வருஷத்துக்கு நூறு கலம் நெல். ஆடல் ஆசிரியர்களுக்கும் குழல், கொட்டு முதலியவை வாசித்தவர்களுக்கும் தனித்தனியே பங்கு உண்டு. இது மட்டுமானால் கணக்குப்பிள்ளை சமாச்சாரம் என்று விட்டுவிடலாம். நானூறு பேருடைய பெயரையும் ஒன்று விடாமல் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்களே, அதுதான் அதிசயம். எந்தச் சேரி, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், பெயர் என்ன என்று இன்றைக்குத் தபால்காரர் படித்தாலும் கதவைத் தட்டிவிடலாம்.

தெற்குத் தளிச்சேரி, தென் சிறகு, முதல் வீடு. அதில் இருந்தவள் பெயர் நக்கன் சேரமங்கை. திருவையாற்றில் ராஜராஜனின் தேவி உலோகமாதேவி கட்டிய கோயிலிலிருந்து வந்தவள்.

"அவள் என்ன பாடினாள், மாமா?" என்று பெண் கேட்டாள்.

அதைக் கல் சொல்லவில்லை. அவள் ஆசையோடு வந்தாளா, அரசன் கட்டளை என்று வந்தாளா என்பதையும் சொல்லவில்லை. ஆனால் அவளுடைய கலைக்கு ஒரு ராஜ்யம் கடன்பட்டிருந்தது என்பதை ஆயிரம் வருஷமாய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறது. நண்பரின் மனைவி அந்தச் சுவரருகே வெகுநேரம் நின்றுவிட்டார். நண்பர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஏனோ அதைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

கருவறையைச் சுற்றியுள்ள உள் நடையில் சோழர் காலத்துச் சித்திரங்கள் இருக்கின்றன. நாயக்கர் காலத்துச் சுதைப் பூச்சுக்கு அடியில் மறைந்து கிடந்த அவற்றை 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ். கே. கோவிந்தசாமி கண்டு வெளிப்படுத்தினார். மேல் தளத்தில் 108 நாட்டியக் கரணங்களில் 81 மட்டும் செதுக்கப்பட்டிருக்கின்றன; மிச்சக் கற்கள் வெறுமையாய் நிற்கின்றன. இவற்றைப் பார்க்க எல்லோரையும் விடுவதில்லை. கற்களையும் சித்திரங்களையும் காப்பாற்ற வேண்டுமல்லவா? இருப்பதாய் அறிந்துகொண்டு வெளியிலிருந்தே கும்பிட்டுவிட்டு வருவதும் ஒரு மரியாதைதான்.

அடுத்தபடி அரண்மனை. நாயக்கர்கள் ஆரம்பித்து மராட்டியர்கள் விஸ்தரித்தது. இங்கே சங்கீத மகாலைப் பார்க்க வேண்டும். சரஸ்வதி மகால் நூலகத்தையும் பார்க்க வேண்டும். 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் பெருக்கி வளர்த்த புத்தகசாலை அது. நம் பெண்ணுக்கு 72 மேளகர்த்தா தலைகீழ்ப் பாடம். அந்த 72 மேளக் கணக்கை வகுத்த வேங்கடமகி, விஜயராகவ நாயக்கர் காலத்தில் இதே ஊரில் இருந்து 'சதுர்தண்டி பிரகாசிகை' எழுதியவர் என்று சொன்னதும், அவள் அரண்மனைச் சுவரைப் பார்த்த பார்வையே வேறாகிவிட்டது. அவள் வாசிக்கும் வீணையின் 24 மெட்டுக்களையும் நிலையாக வைத்து அமைத்த பெருமையை ரகுநாத நாயக்கருக்குச் சொல்வதுண்டு.

இந்த அரண்மனையில்தான் முத்துப்பழனி என்ற புலமை மிக்க தாசி, பிரதாபசிம்மர் காலத்தில் தெலுங்கில் 'ராதிகா சாந்த்வனம்' என்ற காவியம் இயற்றினாள். அந்தப் பெயரை மறந்துவிடாதீர்கள். சாயங்காலம் அது நமக்கு வேண்டியிருக்கும்.

அரண்மனையிலிருந்து மேல வீதிக்கு வாருங்கள். யாத்திரிகர்கள் அநேகமாய் வராத இடம் இதுதான். பங்காரு காமாட்சி கோயில் இங்கே இருக்கிறது. சியாமா சாஸ்திரிகள் பூஜை செய்து, அம்பாள் மீது கிருதிகள் பாடிய சந்நிதி. சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சை நால்வரின் வீடும் இவ்வீதியில்தான். சரபோஜியின் சபையில் விளங்கியவர்கள். முத்துசாமி தீட்சிதரின் சீடர்கள். அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் பரத நாட்டியக் கச்சேரி முறை இவர்கள் வகுத்துக் கொடுத்ததே. வெள்ளைக்காரன் கொண்டுவந்த பிடிலை நம் சங்கீதத்துக்கு வசப்படுத்தியவர்களில் வடிவேலு ஒருவர். 1834-இல் சுவாதித் திருநாள் மகாராஜா அவருக்குத் தந்தத்தில் செய்த பிடில் ஒன்றைப் பரிசளித்தார். இதே ஊரில் ஆபிரகாம் பண்டிதர் 1912 முதல் சங்கீத மகாநாடுகள் கூட்டி, 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெருநூலை வெளியிட்டார்.

"இத்தனை பேரும் இருந்த ஊரில், இன்று ஏன் மார்கழி மாதத்தில் எல்லோரும் சென்னைக்கு ஓடுகிறார்கள்?" என்று நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. 1855-இல் கடைசி மராட்டிய மன்னர் சிவாஜி ஆண் வாரிசின்றி மாண்டார். கும்பினி சர்க்கார் ராஜ்யத்தை விழுங்கிற்று. ராஜ்யம் போனதும் மானியம் போயிற்று. வித்துவான்கள் மைசூருக்கும் திருவிதாங்கூருக்கும் சென்னைக்கும் பிழைக்கப் போனார்கள். தஞ்சைச் சபையில் பாடியவர்களின் வழியில் வந்த வீணை தனம்மாள் சென்னையிலே வாழ்ந்து 1938-இல் காலமானார். ஆகவே, சென்னையில் நாம் அனுபவிப்பதில் பெரும் பங்கு தஞ்சாவூரிலிருந்து குடிபோன சொத்து.

போகாமல் தங்கிய சொத்தும் உண்டு. வீணை செய்கிறவர்களின் பட்டறை ஒன்றில் நுழைந்தோம். பலா மரத்தைக் குடைந்து குடமும், தண்டியும், யாளி முகமும் செய்கிறார்கள். முழுவதும் ஒரே மரத்தில் குடைந்தால் அது ஏகாண்ட வீணை. கடைசியில் மெழுகை இளக்கி, காதால் கேட்டுக் கேட்டு மெட்டுக்களைப் பதிக்கிறார்களே, அதற்கு மேளம் கட்டுதல் என்று பெயர். ஒரு மயிரிழை தவறினாலும் சுருதி போய்விடும். தஞ்சாவூர் வீணைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பட்டறையிலிருந்த பெரியவர் நம் பெண்ணிடம், "எங்கே, குழந்தை, ஒரு மாயாமாளவ கௌளை வாசி" என்றார். அவள் வாசித்தாள். அவர் ஒன்றும் சொல்லாமல் ஒரு மெட்டை நகத்தால் லேசாக நகர்த்தி, "இப்போது வாசி" என்றார். வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது. பொம்மைக் கடையும் கிருஷ்ணன் படமும் அத்துடன் மறந்துபோயின.

மாலையில் திருவையாறு. வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலங்களைத் தாண்ட வேண்டும். காவிரிக் கரையில் ஸ்ரீ தியாகராஜ சுவாமிகளின் சமாதி. அவர் 1847-இல் சித்தி அடைந்தார். ஆண்டுதோறும் புஷ்ய பகுள பஞ்சமியன்று நூற்றுக்கணக்கான வித்துவான்கள் ஒன்றாய் உட்கார்ந்து பஞ்சரத்தினக் கிருதிகளைப் பாடும் இடம். ஆராதனைக் கூட்டத்தில் வருவதற்கில்லை என்றால் இப்படிச் சாதாரண நாளில் வாருங்கள். ஆற்றங்கரைக் காற்றையும் பறவைச் சத்தத்தையும் தவிர வேறொன்றும் கேட்காது.

சமாதிக்கு எதிரே, கை கூப்பியபடி ஒரு ஸ்திரீயின் சிலை இருக்கிறது. "இவர் யார், மாமா?" என்றாள் பெண்.

அவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். 1878-இல் பிறந்தவர்; தாசி குலத்தில் வந்த பெரிய பாடகி. முத்துப்பழனியின் காவியத்தை 1910-இல் முழுமையாகப் பதிப்பித்தவர் அவரே. வெள்ளைக்கார சர்க்கார் அதைத் தடை செய்தது. நம்மவர் ஆட்சியில்தான் தடை நீங்கிற்று. சுவாமிகளின் சமாதி சீரழிந்து கிடப்பதை அறிந்து, தாம் பாடிச் சேர்த்த பொருளைக்கொண்டு 1921-இல் திருப்பணி தொடங்கினார். 1925-இல் கும்பாபிஷேகம் நடந்தது. அந்தச் சந்நிதியில், ஆராதனையன்று, அவர் பாடக் கூடாது என்றார்கள். பெண்கள், அதிலும் தாசிகள், அங்கே பாடுவது வழக்கமில்லையாம்! அவர் சண்டை போட்டுக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிடவில்லை. 1927 முதல் சமாதிக்குப் பின்புறத்தில் பெண்களைத் திரட்டித் தனி ஆராதனையே நடத்தினார். கட்சிகளெல்லாம் ஒன்றானது 1940-ஐ ஒட்டித்தான். 1952-இல் காலமான அவர், அன்றிலிருந்து சுவாமிகளைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறார்.

நேயர்களே, சற்று யோசித்துப் பாருங்கள். திருவையாற்றிலிருந்து சேரமங்கை என்ற ஒருத்தியைத் தஞ்சைக்கு அழைத்துவந்து, முதல் வீட்டைக் கொடுத்து, பெயரைக் கல்லில் வெட்டினான் ஒரு சோழன். தொள்ளாயிரம் வருஷத்துக்குப் பிறகு, அதே திருவையாற்றில், கோயிலே கட்டிக் கொடுத்த ஒருத்தியைப் பார்த்து, "நீ பாடாதே" என்றோம் நாம். பொட்டுக் கட்டும் வழக்கத்தை 1947-இல் சட்டம் போட்டு நிறுத்தியது மிகவும் நியாயம். ஆனால் வழக்கத்தை ஒழித்த கையோடு, அந்த வீடுகளிலிருந்து நமக்கு வந்த கலைக்கு யார் பொறுப்பு என்பதையும் சேர்த்து மறந்துவிட்டோமானால், சோழர்களின் கணக்குப்பிள்ளைகள் நம்மைவிடப் பெரியவர்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

நண்பரின் பெண் சமாதிப் படியில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் ஒரு கிருதி பாடினாள். யாரும் தடுக்கவில்லை. யாரும் கவனிக்கக்கூட இல்லை. நாகரத்தினம்மாள் விரும்பியதும் அதுதானே?

ஒரு மணிக்குப் புறப்பட வேண்டிய மோட்டார் இரவு எட்டு மணிக்குப் புறப்பட்டது. ஏறும்போது நண்பர், "ஓய், என் ஜாபிதாவைக் கொடும்" என்றார். கொடுத்தேன். அதிலிருந்த அரை நாள் என்பதை அடித்துவிட்டு, 'மறுபடி வர வேண்டும். மூன்று நாள்' என்று எழுதிக்கொண்டார்.

தங்களுக்கும் என்னுடைய சிபாரிசு அதுவே.