லாகோஸ் - நைரோபி: 5 மணி நேர விமானப் பயணம் ஒரு நாளாக நீள்வது ஏன்?

உங்க கம்பெனி உங்களை நைஜீரியாவின் லாகோஸ் நகருக்கு அனுப்புதுன்னு வச்சுக்கோங்க. அங்கே வேலை முடிஞ்சதும் கென்யாவின் நைரோபியில் ஒரு மீட்டிங். ‘ரெண்டும் ஆப்பிரிக்காதானே, பக்கத்துலதான் இருக்கும்’னு தோணுதா? மேப்பை ஒருமுறை பாருங்க.

இரு நகரங்களுக்கும் இடையே வான்வழித் தூரம் சுமார் 3,800 கி.மீ. சென்னை - டெல்லி தூரத்தைப்போல இரண்டு மடங்குக்கும் அதிகம்.

எவ்வளவு நேரம் ஆகும்?

பயணிகள் ஜெட் விமானம் மணிக்குச் சுமார் 850 கி.மீ. வேகத்தில் பறக்கும். அந்தக் கணக்கில் நாலரை மணி நேரம். மேலேறவும் தரையிறங்கவும் அரை மணி நேரம் சேர்த்தால் 5 மணி நேரம். டிக்கெட்டில் உள்ள நேரத்தைக் கழித்துப் பார்த்து 7 மணி நேரம் வந்தால் குழம்ப வேண்டாம். நைரோபி நேரம் லாகோஸை விட 2 மணி நேரம் முன்னால் இருக்கிறது.

நேரடி விமானம் கிடைக்கலைன்னா?

எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபா வழியாகப் போனால் மொத்தத் தூரம் சுமார் 5,100 கி.மீ. பறக்கும் நேரம் மட்டுமே ஏறத்தாழ 7 மணி நேரம். அடுத்த விமானத்துக்கான காத்திருப்பு தனி. துபாய் வழி என்றால் சுமார் 9,450 கி.மீ. ஆப்பிரிக்காவுக்குள் பயணம் செய்ய, ஆப்பிரிக்காவை விட்டே வெளியே போய் வரணும்!

சிக்கல் எங்கே?

சென்னைக்கும் டெல்லிக்கும் இடையே நாட்டு எல்லை இல்லை. லாகோஸ் - நைரோபி தடத்தில் எந்த நிறுவனம், வாரத்துக்கு எத்தனை விமானங்களை இயக்கலாம் என்பதை இரு அரசுகளும் பேசி முடிவு செய்யணும். சொந்த நாட்டு விமான நிறுவனத்தைக் காப்பாற்ற, போட்டியாளருக்குக் கதவைத் திறக்கப் பல அரசுகள் தயங்குகின்றன. கூடவே எரிபொருள் விலை, விமான நிலைய வரிகள். கட்டணம் ஏறினால் பயணிகள் குறைவார்கள். பயணிகள் குறைந்தால் விமானங்களும் குறையும். உலக மக்கள்தொகையில் சுமார் 18% பேர் வாழும் ஆப்பிரிக்காவுக்கு, உலக விமானப் போக்குவரத்தில் கிடைப்பது ஏறக்குறைய 2% பங்குதான்.

தீர்வு காகிதத்தில் இருக்கிறது. வான்வெளியைப் பரஸ்பரம் திறந்துவிட 1999-இல் யாமூசுக்ரோ நகரில் ஆப்பிரிக்க நாடுகள் முடிவெடுத்தன. அதைச் செயல்படுத்த, 2018 ஜனவரியில் 23 நாடுகளுடன் ஒற்றை வான்போக்குவரத்துச் சந்தை தொடங்கப்பட்டது. ஆனால் நடைமுறை இன்னும் மெதுவாகத்தான் நகர்கிறது. கண்டம் முழுவதற்குமான தடையற்ற வர்த்தகம் 2021-இல் தொடங்கிவிட்டது. சரக்குக்குக் கதவு திறந்தாலும், அதை விற்கப் போகிறவர் நேரடி விமானம் இல்லாமல் ஒரு நாளை இழந்தால் என்ன லாபம்?

அதனால, அங்கே பயணம் திட்டமிடும்போது கிலோமீட்டரை மட்டும் பார்க்காதீங்க. எத்தனை இடத்தில் மாறணும், எவ்வளவு நேரம் காத்திருக்கணும்னு பார்த்துட்டு மீட்டிங் தேதியைக் குறிங்க.