புதுச்சேரி நீலப் பலகையில் 'ரூ' என்றால் என்ன? லைக் போடும் முன் கீழ் வரியையும் படிங்க!

வீக்எண்டுக்கு புதுச்சேரி போய் வந்த யாருடைய இன்ஸ்டாகிராமை வேண்டுமானாலும் திறந்து பாருங்கள். மஞ்சள் சுவர், போகன்வில்லா, ஒரு சைக்கிள். கூடவே கட்டாயம் ஒரு நீலப் பலகை இருக்கும். அதில் வெள்ளை எழுத்தில் மேலே பிரெஞ்சு, கீழே தமிழ். இந்தியாவில் அரிதாகவே பார்க்க முடிகிற ஜோடி இது. அதனால்தான் வித்தியாசமான சாலைப் பலகைகளைத் தேடித் தேடி போட்டோ எடுப்பவர்களின் பட்டியலில் இதற்கு நிரந்தர இடம்.

போட்டோவில் அழகாக இருக்கும் இந்தப் பலகையை வைத்துக்கொண்டு வழி கேட்டால்தான் பிரச்னை. பலகையில் இருக்கிற பெயர் ஒன்று, ஆட்டோ அண்ணன் சொல்கிற பெயர் ஒன்று, போனில் இருக்கிற மேப் படிக்கிற பெயர் இன்னொன்று. ஏன் இப்படி? 2025 மார்ச்சில் முதல்வர் ரங்கசாமி, கடைப் பெயர்ப் பலகைகளில் தமிழ் கட்டாயம் என்று சட்டப்பேரவையில் அறிவித்த பிறகு, இந்தக் கேள்விக்கு இன்னும் கொஞ்சம் அழுத்தம் கூடியிருக்கிறது. கடைப் பலகையில் தமிழ் வேண்டும் என்று பேசுகிறோம். பல வருஷமாகத் தமிழோடு நிற்கும் தெருப் பலகையை நாம் ஒழுங்காகப் படித்திருக்கிறோமா?

பலகையில் என்ன இருக்கிறது?

முதலில் அந்த 'ரூ'. ரூபாய்க்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பிரெஞ்சில் தெரு என்பதற்கான சொல் அது. ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரீட்' பெயருக்குப் பின்னால் வரும். பிரெஞ்சில் 'ரூ' முன்னால் வரும். 'ரூ துமா' என்றால் துமா வீதி.

தமிழ் வரியில் இன்னொரு சுவாரசியம். சென்னையில் தெரு என்று எழுதும் இடத்தில் புதுச்சேரியில் பெரும்பாலும் 'வீதி' என்றுதான் இருக்கும். நேரு வீதி, மிஷன் வீதி, ரங்கப்பிள்ளை வீதி என்று பேச்சிலும் அதுதான் வழக்கம்.

நீலத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. பாரிஸில் தெருப்பெயர் எழுதி வைக்கும் வழக்கம் 1728-லேயே தொடங்கிவிட்டது. ஆனால் நீலப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்ற பாணி, ராம்புத்தோ என்ற நிர்வாகியின் காலத்தில், 1844-ல்தான் வந்தது. எனாமல் பூசிய பலகை வெயிலிலும் மழையிலும் சீக்கிரம் மங்காது, தூரத்திலிருந்தும் தெரியும் என்பது அதன் பலம். அந்த நீல-வெள்ளை பாணியின் உறவுக்காரர்தான் புதுச்சேரி பலகை.

படிக்கும்போது ஏன் தடுமாறுகிறது?

பிரெஞ்சு எழுத்தை நாம் ஆங்கிலமாகப் படிக்கிறோம். சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

பிரெஞ்சில் சொல்லின் கடைசியில் வரும் எஸ், டி போன்ற எழுத்துகள் பல நேரம் சும்மா நிற்கும், வாயைத் திறக்காது. அதனால் நாம் 'டூமாஸ்' என்று படிப்பது பிரெஞ்சில் 'துமா'. 'லபோர்டனைஸ்' என்று நாக்கைச் சுழற்றுகிறோமே, அது 'லபூர்தொனே'. 'செயின்ட் லூயிஸ்' என்பது 'சேன் லூயி'. கடற்கரைச் சாலையின் பெயரை வெளியூர்க்காரர்கள் 'கோபெர்ட்' என்பார்கள். உள்ளூரில் 'குபேர்' என்றால்தான் தெரியும். பிரெஞ்சு உச்சரிப்புக்கு உள்ளூர்க்காரர்தான் பக்கத்தில் இருக்கிறார்.

இரண்டாவது விதி: ஓ, யூ என்ற இரண்டு ரோமன் எழுத்துகள் சேர்ந்து வந்தால் பிரெஞ்சில் அது 'உ' அல்லது 'ஊ'. இந்த ஒரு விதி தெரிந்தால் பாதி புதுச்சேரியைப் படித்துவிடலாம். பாகூர், ஆம்பூர் சாலை என்று பல பெயர்களின் ரோமன் எழுத்துக்கூட்டலில் இன்றும் இந்த ஜோடி உட்கார்ந்திருக்கிறது. புதுச்சேரித் தமிழர்கள் பலரின் பாஸ்போர்ட்டில் முத்து, சுப்பராயன் போன்ற பெயர்களில் தேவைக்கு அதிகமாக ஒரு 'ஓ' தெரிவதற்கும் இதுதான் காரணம். அது எழுத்துப் பிழை இல்லை, பிரெஞ்சுக் கணக்கு.

இதில் உச்சம் உழவர்கரை. அந்த நகராட்சியின் ரோமன் எழுத்துப் பெயரை ஆங்கிலமாகப் படித்தால் 'அவுல்காரெட்' மாதிரி ஏதோ வரும். எந்த ஊர் என்றே புரியாது. பிரெஞ்சாகப் படித்தால் 'உல்கரே'. பேச்சுத் தமிழில் அந்த ஊரை 'ஒழுகரை' என்பார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஏட்டைப் பார்த்து எழுதவில்லை. காதில் விழுந்ததை எழுதினார்கள்.

இன்னொரு உதாரணம், ஆனந்த ரங்கப்பிள்ளை. ஆளுநர் துப்ளெக்ஸின் துபாஷி. 1736 முதல் நாட்குறிப்பு எழுதி, 18-ம் நூற்றாண்டு புதுச்சேரியை நமக்குக் காட்டியவர். பழைய பிரெஞ்சு எழுத்தில் அவர் பெயரின் பின்பாதி 'புள்ளே' என்று வரும். கேட்டால் சிரிப்பு வரலாம். ஆனால், 'பிள்ளை'யை நம்ம ஊர் பேச்சில் 'புள்ள' என்றுதானே சொல்கிறோம்? அந்நியமாகத் தெரியும் அந்த எழுத்துக்கூட்டலுக்குள் அந்தக் காலத்துப் பேச்சுத் தமிழ் ஒளிந்திருக்கிறது.

யார் இவர்கள் எல்லாம்?

ஒரு சின்ன க்விஸ். துமா வீதி யார் பெயரில் இருக்கிறது? நாவலாசிரியர் அலெக்சாந்தர் துமா என்று நினைத்தால், தவறு. இவர் பியேர் பெனுவா துமா, 1735-ல் புதுச்சேரிக்கு ஆளுநராக வந்தவர். காரைக்கால் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்தது இவர் காலத்தில், 1739-ல்.

சுஃப்ரேன், 1782-83-ல் வங்கக் கடலில் ஆங்கிலேயக் கப்பற்படையோடு மோதிய தளபதி. சுர்கூஃப், 1800-ல் 'கென்ட்' என்ற ஆங்கிலேயக் கப்பலைப் பிடித்தவர். அரசு அனுமதியோடு எதிரிக் கப்பல்களைக் கொள்ளையடித்த ஆள். லபூர்தொனே, 1746-ல் சென்னையைக் கைப்பற்றியவர். ஆமாம், சென்னையிலிருந்து ஈசிஆர் பிடித்து வந்து நீங்கள் செல்ஃபி எடுக்கும் பலகையில், சென்னையைப் பிடித்தவரின் பெயர் இருக்கலாம்.

இந்த வரிசையில் ரொமேன் ரொலான் மட்டும் வேற மாதிரி. ஆட்சியும் செய்யவில்லை, போரும் செய்யவில்லை. நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர். காந்தி, ராமகிருஷ்ணர், விவேகானந்தர் பற்றிப் புத்தகம் எழுதியவர். 1827-ல் தொடங்கிய புதுச்சேரி பொது நூலகமும் இன்று அவர் பெயரில்தான் இருக்கிறது.

எந்தப் பெயர் மாறியது, எது மாறவில்லை?

புதுச்சேரியின் பழைய நகரம் முட்டை வடிவம். சுற்றி ஓடும் சாலைகளை உள்ளூரில் 'புல்வார்' என்பார்கள், அதுவும் பிரெஞ்சுச் சொல்தான். இப்போது அந்த வட்டத்தைச் சுற்றி வாருங்கள். வடக்கே படேல் சாலை, மேற்கே அண்ணா சாலை, தெற்கே கம்யூனிஸ்ட் தலைவர் சுப்பையா பெயரில் ஒரு சாலை, கிழக்கே 1963-ல் முதல் முதல்வரான எதுவார் குபேர் பெயரில் கடற்கரைச் சாலை. உள்ளே துப்ளெக்ஸ் பெயரில் இருந்த வணிக வீதி, நேரு வீதி ஆனது. புஸ்ஸி வீதி, லால் பகதூர் சாஸ்திரி வீதி ஆனது.

பேட்டர்ன் தெரிகிறதா? பெரிய சாலைகள், பஜார் வீதிகளின் பெயர் மாறியது. கடலோரம் இருக்கும் அமைதியான குடியிருப்பு வீதிகளில் பழைய பெயர்கள் நிறையவே தங்கிவிட்டன. அந்த வீதிகள்தான் இன்று சுற்றுலா முகம்.

ஆனால், பலகை மாறினால் பேச்சு மாறிவிடாது. லால் பகதூர் சாஸ்திரி வீதியை இன்றும் 'புஸ்ஸி வீதி' என்பவர்கள் ஏராளம். கால்வே சுப்பராய செட்டியார் வீதி என்று சொன்னால் யோசிப்பவர்கள், 'வைசியாள் வீதி' என்றால் உடனே கை காட்டுவார்கள். ஒரே வீதிக்கு இரண்டு பெயர், ஒவ்வொன்றுக்கும் இரண்டு உச்சரிப்பு. டெலிவரி பார்ட்னர் லேட்டாக வந்தால் சாப்பாடு ஆறும், அவ்வளவுதான். ஆம்புலன்ஸுக்கு முகவரி சொல்லும்போது அப்படி விட முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

1954 அக்டோபர் 18-ம் தேதி கீழூரில் நடந்த வாக்கெடுப்பில் 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய ஆதரவு தெரிவித்தார்கள். நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. 1956-ல் கையெழுத்தான ஒப்பந்தம், 1962 ஆகஸ்ட் 16-ம் தேதி சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் வேறு முடிவு எடுக்கும் வரை பிரெஞ்சு ஆட்சி மொழியாக நீடிக்கும் என்று அந்த ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு உண்டு. பிறகு 1965-ல் வந்த ஆட்சி மொழிச் சட்டம் தமிழுக்கு அந்த இடத்தைக் கொடுத்தது. மாஹேவில் மலையாளம், ஏனாமில் தெலுங்கு. 2006-ல் 'பாண்டிச்சேரி' அதிகாரபூர்வமாக 'புதுச்சேரி' ஆனது.

அப்போ நீலப் பலகையை மதிக்காவிட்டால் ஃபைனா? இல்லை. போக்குவரத்துக் குறியீடு வேறு, தெருப் பெயர்ப் பலகை வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 119-வது பிரிவு, கட்டாயக் குறியீடுகளுக்குக் கட்டுப்பட்டு ஓட்ட வேண்டும் என்கிறது. அவை பெரும்பாலும் சிவப்பு விளிம்பு வட்டங்கள்: நுழையாதே, நிறுத்தாதே. முக்கோணம் எச்சரிக்கை, செவ்வகம் தகவல். வடிவத்தைப் பார்த்தாலே புரிய வேண்டும், மொழி தெரிய வேண்டியதில்லை என்பதுதான் அதன் தத்துவம். தெருப்பெயரில் அந்த வசதி கிடையாது. வடிவம் எதையும் சொல்லாது. எழுத்தை வாசித்தே ஆக வேண்டும். அதனால்தான் எந்த எழுத்தில், எந்த உச்சரிப்பில் என்பது முக்கியமாகிறது.

மற்ற ஊர்களில் எப்படி?

மக்காவ் போனால் வெள்ளை டைல்ஸில் நீல எழுத்து, சீனமும் போர்ச்சுகீசும் சேர்ந்து. அங்கேயும் இதே கதைதான்: அல்மெய்தா ரிபெய்ரோ என்ற போர்ச்சுகீசியப் பெயர் கொண்ட பிரதான சாலையை உள்ளூர் மக்கள் சீனத்தில் 'புது ரோடு' என்றே சொல்கிறார்கள். வியட்நாமின் ஹோ சி மின் நகரத்தில் பாஸ்தர், யெர்சின், கால்மெத் போன்ற விஞ்ஞானிகளின் பெயர்கள் இன்றும் சாலைகளில் இருக்கின்றன. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் எண்கோணப் பலகையில் 'நில்' என்பதை பிரெஞ்சில் 'அரே' என்று எழுதுகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், பிரான்ஸிலேயே அந்தப் பலகையில் 'ஸ்டாப்' என்றுதான் இருக்கும்!

நம் பக்கத்திலும் ஒரு பாடம் இருக்கிறது. 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றுவதாக அறிவித்தது. நோக்கம் நல்லதுதான். ஆனால் எழுத்துக்கூட்டல்கள் கிளப்பிய விமர்சனத்தில், சில நாட்களிலேயே அறிவிப்பு வாபஸ் ஆனது. பெயரை மாற்றுவது ஒரு அரசாணை வேலை. ஒலியைச் சரியாக எழுதுவது மொழி தெரிந்தவர்கள் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை.

சரி, என்ன செய்யலாம்?

நீலப் பலகையைப் பற்றிய விவாதம் வந்தாலே இரண்டு கட்சி உருவாகிவிடும். 'காலனி மிச்சம், தூக்கு' என்று ஒரு தரப்பு. 'பாரம்பரியம், தொடாதே' என்று இன்னொரு தரப்பு. இரண்டு தரப்பும் மேல் வரியைப் பற்றியே பேசுகின்றன. தினமும் உதவ வேண்டிய வரி கீழே இருக்கிறது.

துமா, டூமாஸ், துய்மா, தூமா... தமிழில் இத்தனை விதமாக எழுத முடிகிற ஒரு பெயருக்கு, ஒரே எழுத்துக்கூட்டல் முடிவாக வேண்டும். பலகை, மேப், நகராட்சிப் பதிவு, பத்திரம் எல்லாவற்றிலும் அதே வடிவம் வர வேண்டும். மக்கள் புழங்கும் பழைய பெயர் வேறாக இருந்தால், சின்ன எழுத்தில் அதையும் சேர்க்கலாம். பெயருக்கு உரியவர் யார், எந்த ஆண்டு என்று ஒரு வரி இருந்தால், நிற்பவர் தெரிந்துகொள்வார். புகழவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம்; தகவல் போதும். இதற்குப் பெரிய பட்ஜெட் தேவையில்லை. பிரெஞ்சும் தமிழும் தெரிந்தவர்களுக்கு இந்த ஊரில் பஞ்சமும் இல்லை. பிரெஞ்சு ஆய்வு நிறுவனமே சேன் லூயி வீதியில்தான் இருக்கிறது.

பிரெஞ்சு ஒலியை ஆங்கில வாசிப்பு சிதைக்கும் இடத்தில், தமிழ் எழுத்தால் அதைக் கிட்டத்தட்ட சரியாகப் பிடிக்க முடியும். 'லபூர்தொனே' என்று தமிழில் எழுதிவிட்டால், பிரெஞ்சு தெரியாத ஒன்பதாம் வகுப்பு மாணவியும் சரியாகச் சொல்லிவிடுவார். அந்த வசதி நம் எழுத்தில் இருக்கிறது. அதைப் பயன்படுத்துவதுதான் பாக்கி.

அடுத்த முறை புதுச்சேரி போனால் போட்டோ தாராளமாக எடுங்கள். வழி கேட்கும்போது மட்டும் மேல் வரியை ஆங்கிலமாகப் படிக்காமல், கீழே இருக்கிற தமிழைப் படித்துக் கேளுங்கள். சீக்கிரம் போய்ச் சேருவீர்கள்.