நூல் கற்றோரே, நூலூருக்கு வருக!

பட்டம் பெற்றுவிட்டார்கள்! 4 ஆண்டு பாடம், 1 ஆண்டு பயிற்சி. மெழுகிலே பல் செதுக்கிச் செதுக்கி விரல் காய்த்து, தாடையெலும்பின் வரைபடத்தை நெஞ்சிலே எழுதி, வெளியே வந்து நிற்கிறார்கள் நம் வீட்டுப் பிள்ளைகள். வந்தவர்களுக்கு ஊர் தரும் வரவேற்பு என்ன? "ஓ, பல் டாக்டரா? டாக்டருக்குக் கிடைக்கவில்லையோ?" - கேட்கிறார் மாமா. சிரிக்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். இந்த மாமாவுக்குக் கடைவாய்ப் பல் குத்தெடுக்கும் இரவு ஒன்று வரும். அன்று தெரியும் அவருக்கு, யார் டாக்டர் என்பது!

ஏளனத்தைத் தாங்கிக்கொள்ளலாம், ஏட்டிலே எழுதிப் பதிலும் சொல்லலாம். வருமானமின்மையை என்ன செய்வது? சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953இல் பிறந்தபோது, பல் மருத்துவரைத் தேடி ஊர் அலைந்தது. இன்று நாடெங்கும் 300க்கு மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள், பெரும்பாலும் தனியார் கையில். ஊரைத் தேடி மருத்துவர் அலைகிறார். 2020ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளும் இந்தப் படிப்புக்குள் வந்திருக்கிறார்கள். தறிக்காரர் மகள், தையல்காரர் மகன் - முதல் தலைமுறைப் பட்டதாரிகள்! அவர்களுக்கு மாமனார் வைத்துக் கொடுக்கும் கிளினிக் இல்லை. அப்பா விட்டுச் சென்ற நோயாளிக் கூட்டமும் இல்லை. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறோம்.

மருத்துவர் மிகுந்துவிட்டனர் என்கிறார்கள். எங்கே மிகுந்தனர்? கோவையின் பெரிய சாலைகளிலே பலகைக்குப் பலகை இடிக்கிறது, உண்மை. அங்கிருந்து ஒரு மணி நேரம் பேருந்தில் வாருங்கள். திருப்பூர்! 2009இல் மாவட்டமான ஊர். உலகுக்குப் பனியன் தைத்துக் கொடுக்கும் ஊர். இங்கே வாய்களுக்குப் பஞ்சமா?

அந்த வாய்களைச் சற்றுத் திறந்து பார்ப்போம். கத்தரி எட்டாத அவசரத்திலே நூலைப் பல்லால் கடித்து அறுக்கும் தையல்காரர். ஆண்டுக்கணக்கில் கடித்ததால் முன்பல் முனையிலே பள்ளம். உங்கள் பாடநூலிலும் இருக்கிறது இந்தப் பள்ளம். ஊசி நூல் பிடிப்போரின் தொழிற்குறி அது. காலை எட்டரைக்கு நுழைந்து இரவு எட்டரைக்கு வெளிவரும் 'ஒன்றரை ஷிப்டு'. தூக்கத்தை விரட்டச் சர்க்கரை மிகுந்த தேநீர், அதனோடு ஒரு பன். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தோழர்களின் கன்னத்தோரம் ஒதுங்கிக் கிடக்கும் கைனி. தமிழ்நாட்டிலே குட்காவுக்குத் தடை 2013இலேயே வந்தது. கன்னத்துக்குள் இன்னும் வந்தபாடில்லை. அங்கே படரும் வெள்ளைத் திட்டை முதலில் காண வேண்டிய கண் பல் மருத்துவரின் கண்! கண்டுபிடித்தால் ஓர் உயிர். கவனிக்காமல் விட்டால் ஒரு புற்றுநோய்.

"அவர்கள் வருவதில்லையே, வந்தாலும் 'பிடுங்கிவிடுங்கள் சார்' என்கிறார்களே" என்று சலித்துக்கொள்கிறார்கள் இளம் மருத்துவர்கள். ஏன் அப்படிச் சொல்கிறான் தொழிலாளி? பல்லின் அருமை தெரியாதவனா அவன்? வேர்ச் சிகிச்சைக்கு மூன்று முறை வரவேண்டும் என்கிறீர்கள். பீஸ் ரேட்டிலே தைப்பவனுக்கு மூன்று முறை என்பது மூன்று அரை நாள் கூலி! கட்டணம் ஒருபுறம், கூலியிழப்பு மறுபுறம். கூட்டிப் பார்க்கிறான், பிடுங்கச் சொல்கிறான். கணக்கு அவனுக்கும் தெரியும்.

இங்கிலாந்திலே ஒரு காலம் இருந்தது. வடபகுதித் தொழிலாளர் குடும்பங்களிலே, மணப்பெண்ணுக்குப் பற்களையெல்லாம் பிடுங்கிவிட்டுப் பல்செட்டு வாங்கித் தருவதைப் பரிசாகவே கருதினர். பின்னாள் செலவு மிச்சமாம்! 1948இல் தேசிய நலவாழ்வுத் திட்டம் வந்தது. இலவசம் என்றதும் பல் மருத்துவர் வாசலிலே திரண்டது மக்கள் வெள்ளம். 1951இல் பல்செட்டுக்கும் கண்ணாடிக்கும் கட்டணம் என்றார் நிதியமைச்சர். அந்தத் திட்டத்தைப் பெற்றெடுத்த பெவன், "வேண்டாம் எனக்கு அமைச்சர் பதவி" என்று விலகி நடந்தார். ஏழையின் பல்லுக்காக அரசே ஆட்டம் கண்டது அங்கே! இங்கே பல் டாக்டரென்றால் மாமா சிரிக்கிறார்.

சரி, செய்ய வேண்டியது என்ன? பட்டம் வாங்கிய மறுமாதமே கடன் வாங்கி நாற்காலி போடாதீர்கள். நாற்காலி, கம்ப்ரசர், எக்ஸ்ரே, ஆட்டோகிளேவ் எல்லாம் தவணையிலே தருவான் விற்பவன். தவணை மட்டும் நோயாளி வருகிறானா என்று பார்த்துக்கொண்டு நிற்காது. இரண்டாண்டு ஒரு மூத்தவரிடம் கை பழகுங்கள். யாரிடம்? மாதம் இத்தனை ரூட் கேனால், இத்தனை உறை என்று இலக்கு வைத்து விரட்டும் இடமானால், அங்கே நீங்கள் பழகுவது மருத்துவம் அல்ல, வியாபாரம். சம்பளம் சற்றுக் குறைந்தாலும், சிக்கலான கடைவாய்ப் பல்லை உங்கள் கையில் கொடுத்துவிட்டு அருகில் நிற்பவரைத் தேடுங்கள். மேற்படிப்பு வேண்டுவோர் படியுங்கள். ஆனால் வேலை இல்லையே என்பதற்காக மேற்படிப்புக்குள் ஒளிந்துகொள்ளாதீர்கள். மூன்றாண்டு கழித்து அதே கேள்வி அதே வாசலில் காத்திருக்கும், கடன் மட்டும் வளர்ந்திருக்கும்.

பிறகு பெருமாநல்லூர், ஊத்துக்குளி, பல்லடம், வெள்ளகோவில் பக்கம் பாருங்கள். திருப்பூரிலே சனிக்கிழமைதான் கூலி நாள், ஞாயிறுதான் ஓய்வு. ஞாயிறன்று கதவடைத்துவிட்டுத் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நோயாளியை எதிர்பார்த்தால் ஈதான் வரும்! இரவு ஒன்பதரைக்குக் கதவு திறந்திருக்கட்டும். கட்டணத்தைச் சனிக்கிழமைதோறும் பகுதி பகுதியாக வாங்குங்கள். மளிகைக்கடைக்காரர் நம்புகிற தொழிலாளியை மருத்துவர் நம்பக்கூடாதா? பெண் மருத்துவர் என்றால் செக்கிங் வரிசைத் தங்கையர் கூச்சமின்றி வருவர். கர்ப்ப காலத்து ஈறு வீக்கத்தை ஆண் மருத்துவரிடம் சொல்லத் தயங்குவோர் இன்னும் உண்டு. ஒடியாவிலே நாலு சொல், இந்தியிலே நாலு சொல் கற்றுக்கொள்ளுங்கள். திணிப்பைத்தான் எதிர்த்தோம், வலியோடு வந்தவனிடம் 'எங்கே வலிக்கிறது' என்று அவன் மொழியில் கேட்பதை எவரும் எதிர்க்கவில்லை.

இன்னொன்று. மாதம் 21,000 ரூபாய்க்குள் ஊதியம் பெறும் தொழிலாளியின் சம்பளத்தில் 0.75 விழுக்காடு ஈ.எஸ்.ஐ.க்குப் போகிறது, முதலாளி தருவது 3.25 விழுக்காடு. அதிலே பல் வைத்தியமும் அடக்கம் என்பது எத்தனை தொழிலாளிக்குத் தெரியும்? சொல்லுங்கள் அவனிடம். உங்கள் வருமானம் கொஞ்சம் போகுமே என்று எண்ணாதீர்கள். இன்று உண்மை சொன்னவரிடம்தான் நாளை தன் பிள்ளையைக் கூட்டி வருவான்.

ஆட்சியாளரிடம் நாம் கேட்பதும் உண்டு. 2022இல் திறந்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது திருப்பூரிலே, ஈ.எஸ்.ஐ. இருக்கிறது, வட்டாரந்தோறும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் இருக்கின்றன. பல் மருத்துவர் பணியிடங்களைக் கூட்டுங்கள். ஷிப்டு முடிந்த பிறகு ஒரு மாலைப் பிரிவைத் திறங்கள். தேர்வு வாரியத்தின் அறிவிப்பு எப்போது வரும் என்று பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் வாசலைப் பார்த்திருக்க வேண்டுமா?

அறிவிப்பு வரும்போது எழுதுங்கள், இளைஞர்களே. அதுவரை ஊத்துக்குளியிலே ஒரு வாடகைக் கடை பாருங்கள். மாடி வேண்டாம், தரைத்தளமே நல்லது. தண்ணீர்த் தொட்டி பெரிதா என்று கேளுங்கள். சனிக்கிழமை இரவு அந்தத் தெருவில் எத்தனை மணி வரை ஆள் நடமாட்டம் என்று, எதிரே இருக்கும் டீக்கடைக்காரரிடம் விசாரியுங்கள்.