நாலு நாளில் மூன்று நாடு?

கோடை விடுமுறை நெருங்கினால் சென்னை, கோவை, மதுரை டிராவல்ஸ் அலுவலகங்களில் ஒரு வசனம் தவறாமல் காதில் விழும். “பெட்டியை ஒரு தடவை திறந்தா போதும் சார். தூங்கி எழுந்தா இன்னொரு நாடு. சாப்பாடு, ரூம், ஷோ எல்லாம் பேக்கேஜ்லயே வந்துடும். பெரியவங்களுக்கும் குழந்தைங்களுக்கும் அலைச்சலே இல்லை.” மேசைமீது வழவழ காகிதத்தில் ஒரு வெள்ளைக் கப்பல். சிங்கப்பூரில் ஒன்றிரண்டு நாள், பிறகு மூன்று அல்லது நான்கு இரவு கப்பல், வழியில் மலேசியாவையும் தாய்லாந்தையும் தொட்டுவிட்டு மறுபடி சிங்கப்பூர். தமிழ்க் குடும்பங்கள் முன்னால் இன்று பரவலாக நீட்டப்படும் கப்பலும் கரையும் சேர்ந்த சுற்றுலா இதுதான்.

அந்த வசனத்தில் முழுப்பொய் எதுவும் கிடையாது. ஒவ்வொரு வாக்கியத்திலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதிதான் குடும்பத்தின் பணத்தையும் விடுமுறையையும் விழுங்குகிறது. கப்பலை ஊர் பார்க்கும் வண்டியாக நினைத்து வாங்குவதில்தான் கோளாறே தொடங்குகிறது. அது நகரும் ஓட்டல். கரையில் எத்தனை நாள், எந்த ஊர் என்று முதலில் தீர்மானித்துவிட்டு, ஓய்வுக்கு எத்தனை இரவு மிச்சம் என்று பார்த்துக் கப்பலைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் நிம்மதியாகத் திரும்புகிறார்கள். கப்பலை முதலில் பிடித்துவிட்டு, மிஞ்சும் நேரத்தைக் கரைக்குக் கொடுப்பவர்களுக்குத்தான் ஆல்பம் நிறையப் படம் இருந்தும் ஊர் ஒன்றும் நினைவில் நிற்பதில்லை.

முதலில் அந்த ‘மூன்று நாடு’ கணக்கைப் பார்த்துவிடலாம்.

அட்டவணையில் ‘கோலாலம்பூர்’ என்று அச்சிட்டிருக்கும். அடைப்புக்குறிக்குள் சின்ன எழுத்தில் ‘போர்ட் கிளாங்’ என்றும் இருக்கும். கப்பல் நிற்பது அந்தச் சின்ன எழுத்தில்தான். அங்கிருந்து கோலாலம்பூர் நகரம் ஏறத்தாழ 50 கி.மீ. காலை 8 மணிக்குக் கப்பல் கரை சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். பஃபேயில் இட்லி இருக்கிறதா என்று தேடி, பாட்டிக்குக் காபி வாங்கிக் கொடுத்து, வரிசையில் நின்று இறங்கி, குடிநுழைவு முடித்து வண்டியில் ஏறும்போது 9.30. பத்து மலை நகரத்துக்கு வடக்கே இருப்பதால், நெரிசல் இல்லாவிட்டாலே 11 மணி ஆகிவிடும். 272 படி. பேரன் ஓடி ஏறிவிடுவான்; பாட்டி கீழே முருகன் சிலையடியில் உட்கார்ந்திருப்பார். சாப்பாட்டை முடித்துக்கொண்டு இரட்டைக் கோபுரத்தின் முன்னால் ஒரு படம் எடுத்தால் மணி இரண்டரை. கப்பல் ஐந்து மணிக்குப் புறப்படும் என்றால் நான்கு அல்லது நாலரைக்குள் எல்லோரும் ஏறியிருக்க வேண்டும். ஆக, ஒரு கோயில், ஒரு சாப்பாடு, ஒரு படம், மூன்று மணி நேரத்துக்குக் குறையாத வண்டிச் சவாரி. இதன் பெயர்தான் ‘மலேசியா பார்த்தாச்சு’.

பினாங்கு இதற்கு நல்ல விதிவிலக்கு. அங்கே கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறை ஜார்ஜ் டவுனின் ஓரத்திலேயே இருக்கிறது. 2008இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பழைய நகரம் அது. இறங்கி நடந்தாலே லிட்டில் இந்தியா, 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில், சூலியா தெருவில் நாகூர் தர்கா என்று தமிழர் கால்பட்ட இடங்கள் அடுத்தடுத்து வரும். அரை நாளில் பினாங்கின் வாசனையாவது கிடைத்துவிடும். ஐந்நூறுக்கு மேல் படி ஏற வேண்டிய தண்ணீர்மலை முருகனையும் பார்க்க வேண்டுமென்றால் அதற்கு இன்னொரு நாள் வேண்டும். அந்த நாள் கப்பலிடம் கிடையாது. புக்கெட்டில் வேறு சிக்கல். பெரிய கப்பல்கள் அங்கே பல சமயம் பத்தோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரமிட்டு நிற்கும். பயணிகள் சிறு படகுகளில் மாறித்தான் கரைக்குப் போக வேண்டும். போகவும் வரவும் வரிசை. முழங்கால் வலிக்காரர்களுக்கு அந்தப் படகின் ஆட்டமே ஒரு தடை.

இந்தப் பெயர் விளையாட்டு சிங்கப்பூர்ப் பாதையோடு நிற்பதில்லை. ‘ரோம்’ என்று விற்கப்படும் சிவிதாவெக்கியா துறைமுகம் ரோமிலிருந்து ஏறத்தாழ 75 கி.மீ. தள்ளி இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 1 முதல் வெனிசின் ஜியுதெக்கா கால்வாய்க்குள் பெரிய கப்பல்கள் நுழைய இத்தாலி தடை விதித்தது. அதன்பிறகு ‘வெனிஸ்’ என்று சொல்லி ரவென்னாவிலோ திரியெஸ்தேயிலோ நிற்கும் பயணங்களும் உண்டு. ரவென்னாவிலிருந்து வெனிசுக்குச் சாலையில் போய்ச்சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும்.

இதையெல்லாம் தாண்டிய வேடிக்கை அமெரிக்காவின் சியாட்டிலில் இருந்து அலாஸ்கா போய்வரும் கப்பல்களில் இருக்கிறது. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் பயணிகளை ஏற்றி, வெளிநாட்டுத் துறை எதையும் தொடாமல் அமெரிக்காவிலேயே சுற்றி இறக்கிவிடக் கூடாது என்று 1886ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுக்கிறது. அதற்காகவே இந்தக் கப்பல்களில் பல, கனடாவின் விக்டோரியாவில் ஒரு மாலையில் ஒதுங்கி இரவோடு இரவாகக் கிளம்பிவிடுகின்றன. சட்டத்துக்காகப் போட்ட நிறுத்தம், பயணிகளின் கணக்கில் ‘கனடாவும் போனோம்’ என்று ஏறிவிடுகிறது. அந்தச் சில மணி நேரத்துக்கும் இந்தியர்களுக்குக் கனடா விசா வேண்டும் என்பதை முன்கூட்டிச் சொல்லும் ஏஜென்ட் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது ‘எல்லாம் அடங்கியது’ என்ற பேச்சு. கேபின், பஃபே, பெரிய உணவுக்கூடம், நீச்சல் குளம், இரவு நிகழ்ச்சி இவை அடங்கும், உண்மைதான். பணிக்கொடை பல கப்பல்களில் அடங்காது. அது விருப்பப்பட்டுக் கொடுக்கும் டிப்ஸ் என்று நினைத்தால் கடைசி நாள் பில்லில் அதிர்ச்சி காத்திருக்கும். பெரிய நிறுவனங்கள் பலவற்றில் அது ஆளுக்கு, நாளுக்கு என்று தானாகவே ஏறும், பிள்ளைகளுக்கும் உண்டு. நாளுக்கு 18 டாலர் என்று வைத்தால் நான்கு பேர் குடும்பத்துக்கு நான்கு இரவில் 288 டாலர். வைஃபை, குளிர்பானம், தனிச் சிறப்பு உணவகம், கரைச் சுற்றுலா எல்லாம் தனித்தனிக் காசு. விளம்பர விலையோ ஒரு கேபினில் இருவர் தங்குவதாக வைத்து, தலைக்குப் போட்டது. பல சமயம் அது ஜன்னலில்லாத உள்ளறைக்கானது. வெளிநாட்டுப் பேக்கேஜுக்கு இங்கே பிடிக்கப்படும் டி.சி.எஸ். வருமான வரிக் கணக்கில் பிறகு வரவாகும் என்றாலும், பணம் கட்டும் நாளில் கையிலிருந்துதான் போகிறது. இத்தனையையும் கூட்டினாலும் கப்பல் சில சமயம் நியாயமான விலையே. சிங்கப்பூரில் அறை வாடகையையும் மூன்று வேளைச் சாப்பாட்டையும் கணக்குப் போட்டவர்களுக்கு அது தெரியும். ஒப்பிடும்போது முழுத் தொகையை வைத்து ஒப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

பெட்டியை ஒரே முறை திறப்பது கப்பலுக்குள் பொருந்தும். அதற்கு முந்தின இரவைப் பற்றி விளம்பரம் பேசாது. சென்னையிலிருந்து சிங்கப்பூர் நாலு மணி நேரத்துச் சொச்சம். கடிகாரமோ இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. நள்ளிரவு விமானத்தில் ஏறினால் விடியும்போது இறங்க வேண்டும், உறக்கம் பாதிதான். செலவைக் குறைக்கிறோம் என்று அதே நாளில் கப்பலேற்றும் பேக்கேஜ்கள் உண்டு. கேபின் கையில் கிடைக்க மதியம் ஆகிவிடும். கொடுத்துவிட்ட பெட்டி அறைக்கு வந்துசேரச் சாயங்காலம்கூட ஆகலாம். தாத்தாவின் சர்க்கரை மாத்திரை அந்தப் பெட்டிக்குள் இருந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. விமானம் தாமதமானால் நிலைமை இன்னும் மோசம். ஓட்டல் அறை அங்கேயே இருக்கும்; கப்பல் இருக்காது.

2024 மார்ச்சில் நடந்ததை அப்போது உலகச் செய்திகளில் பார்த்திருக்கலாம். ஆப்பிரிக்காவின் மேற்கில் உள்ள சாவோ டோமே தீவில் தனியாரிடம் சுற்றிப்பார்க்கப் போன எட்டுப் பயணிகள் நேரம் கடந்து திரும்பினார்கள். நார்வீஜியன் டான் கப்பல் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இன்னும் நின்றிருந்தும் அவர்கள் ஏற்றப்படவில்லை. அடுத்த துறையான காம்பியாவுக்கு விமானம் மாறி மாறிப் போனார்கள். கடலில் நீர்மட்டம் தாழ்ந்திருந்ததால் கப்பல் அங்கே கரை சேரவில்லை. பிறகு தரைவழியாகப் பல மணி நேரம் பயணம் செய்து செனகலின் டக்காரில்தான் கப்பலைப் பிடித்தார்கள். கப்பல் நிறுவனமே நடத்தும் கரைச் சுற்றுலாவில் போனவர்களுக்காகக் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். வெளியே சொந்தமாக வண்டி பிடித்தவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. போர்ட் கிளாங்கிலிருந்து கோலாலம்பூர் போவதென்றால் கூடுதல் காசு கொடுத்தாவது கப்பலின் பேருந்தில் போகலாம். பினாங்கில் தேவையே இல்லை, நடந்தே திரும்பிவிடலாம்.

அட்டவணையில் உள்ள ஊருக்குக் கப்பல் போயே தீரும் என்பதும் ஒரு நம்பிக்கைதான். 2022 ஜூனில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சென்னைத் துறைமுகத்தில் கொடியசைத்து அனுப்பிய கார்டீலியா கப்பலின் பாதையில் விசாகப்பட்டினமும் புதுச்சேரியும் இருந்தன. கப்பலில் சூதாட்டம் இருப்பதாகப் புதுச்சேரியில் எதிர்ப்பு எழுந்தது, அனுமதி கிடைக்கவில்லை. புதுவைக்கு அருகே கடலில் நின்ற கப்பல் பயணிகளை இறக்காமலே திரும்பியது. வானிலை, துறைமுக நெரிசல், அரசியல் எதற்காகவும் நிறுத்தத்தை மாற்றக் கப்பலுக்கு உரிமை உண்டு என்று டிக்கெட் ஒப்பந்தமே சொல்கிறது. ஒரு கோயில் வேண்டுதலையோ, பல ஆண்டாகப் பார்க்காத சித்தி வீட்டையோ கப்பலின் ஒரு பகல் நிறுத்தத்தில் கட்டித் தொங்கவிடக் கூடாது. யாழ்ப்பாணம்தான் குறி என்றால், 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, மீண்டும் வந்த நாகப்பட்டினம்–காங்கேசன்துறை படகுச் சேவை இருக்கிறது. சில மணி நேரத்தில் இறக்கிவிடும்; நல்லூரிலும் நயினாதீவிலும் எத்தனை நாள் என்பது பயணியின் கையில். மழைக்காலத்தில் அதுவும் நின்றுவிடும் என்பதையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும்.

எல்லா வயதினருக்கும் ஏற்றது என்பதில் குழந்தைகள் பக்கம் பெரிய மறுப்பு இல்லை. எட்டு வயதுப் பிள்ளைக்குக் கப்பலைவிட உற்சாகமான இடம் அரிது. ஆனால் ஆறு மாதத்துக்குக் குறைந்த கைக்குழந்தையைப் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்றுவதில்லை. குழந்தைகள் கிளப் பொதுவாக மூன்று வயதுக்கு மேல், அதுவும் டயப்பர் விட்ட பிள்ளைகளுக்கு. 24 வாரத்தை எட்டிய கர்ப்பிணிகளுக்குப் பல கப்பல்களில் அனுமதி கிடையாது. கப்பலில் மருத்துவர் இருப்பார், கட்டணத்தோடு; ஊரில் எடுத்த சாதாரண மெடிக்ளெய்ம் அங்கே பெரும்பாலும் செல்லாது, தனிப் பயணக் காப்பீடு வேண்டும். கடல் ஆட்டத்துக்குப் பயப்படுகிறவர்களுக்கு மலாக்கா நீரிணை பெரும்பாலும் அமைதியானதே. நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேபின் எடுத்தால் இன்னும் நல்லது.

கடைசியாக ஒரு வாதம்: கப்பலையும் கரையையும் ஒரே கையிடம் வாங்கினால்தான் பத்திரம். இது அலாஸ்காவில் நிஜம். வான்கூவரில் ஏறி சீவர்டிலோ விட்டியரிலோ இறங்கி, ரயிலில் டெனாலி வரை போகும் பயணத்தில் கப்பல் நிறுவனங்களே விடுதியும் பேருந்தும் நடத்துகின்றன. பெட்டி தானாக அறைக்கு வந்துசேரும். தூரமும் வெறுமையும் மிகுந்த அந்த நிலத்தில் தனியாகத் திட்டமிடுவது சிரமம். அங்கேயும் ஒரே நாள் தங்கல் போதாது. 6,190 மீட்டர் உயர டெனாலி சிகரம் பாதி நாளுக்கு மேல் மேகத்துக்குள்தான் இருக்கும், காத்திருப்பவர்களுக்குத்தான் முகம் காட்டும்.

சிங்கப்பூரில் அந்த நியாயம் எதுவும் பொருந்தாது. மெரினா பே கப்பல் முனையத்தின் அருகிலேயே மெரினா சவுத் பியர் எம்.ஆர்.டி. நிலையம், இன்னொரு முனையத்துக்கு ஹார்பர்ஃபிரன்ட் நிலையம். சிராங்கூன் சாலையில் அறை எடுத்த குடும்பம் ரயிலிலேயே கப்பலுக்குப் போய்விடலாம். முதலில் கரையில் மூன்று நாள். தூக்கம் சரியாகி, கால் ஓயும்வரை ஊர் சுற்றிய பிறகு கப்பல். விமானத் தாமதத்தின் பயமும் அதோடு தீர்ந்தது. திரும்பி வருவது இன்னொரு நுழைவாகக் கணக்காகும் என்பதால், சிங்கப்பூர் விசா பலமுறை நுழைவுக்கானதா என்று கிளம்பும் முன்பே பார்த்துவிட வேண்டும். கப்பல் கரை சேரும் நாளில் ஊர் திரும்பும் விமானத்தைக் காலையில் போடாமல் மாலைக்குத் தள்ளினால், முஸ்தபாவில் பாட்டி பட்டியல் போட்டுவைத்த தைலத்தையும் வாங்கிக்கொண்டு சாங்கி போகலாம்.