பரிசுப் பணம் யாருடைய பையிலிருந்து வருகிறது?

2025 செப்டம்பரில் அமீரகத்தில் நடந்த ஆசியக் கோப்பைப் போட்டிகளைப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் நினைவிருக்கும். இந்திய அணியின் சட்டையில் விளம்பர நிறுவனத்தின் பெயர் எதுவும் இல்லை. அதற்கு முன் இரண்டு ஆண்டுகளாக அந்த இடத்தில் 'ட்ரீம்11' என்ற பெயர் இருந்தது. 'டீம் போடும்' செயலி என்று நம் பிள்ளைகள் சொல்வார்களே, அதேதான்.

அந்தப் பெயர் போனதற்குக் காரணம் மூன்றே நாளில் நிறைவேறிய ஒரு சட்டம். இணையவழி விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறை மசோதா 2025 ஆகஸ்ட் 20 அன்று மக்களவையிலும், 21 அன்று மாநிலங்களவையிலும் நிறைவேறியது. 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்துவிட்டார். பணம் கட்டி ஆடும் எல்லா இணைய விளையாட்டுகளுக்கும் தடை. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்பவருக்கு 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். ஆடிப் பணத்தை இழந்தவருக்குத் தண்டனை இல்லை. இச்சட்டத்தை எதிர்த்து நிறுவனங்கள் தொடுத்த வழக்குகளை உச்ச நீதிமன்றம் தன்னிடமே மாற்றிக்கொண்டது. சட்டத்தின் வாசகத்தில் நாம் கவனிக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. அதற்கு முன், நம் ஊர்ப்பக்கம் நம்மிடம் கேட்கப்படும் கேள்வியைச் சொல்லிவிடுகிறோம்.

"ஆலிம்சா, பையன் வெறும் 49 ரூபாய்தான் போடுறான். எந்த பேட்ஸ்மேன் அடிப்பான், எந்த பிட்ச்சில யார் பந்து எடுபடும்னு அலசித்தான் டீம் போடுறான். அது அறிவுதானே, சூதாட்டமா?" கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் தகப்பன்மார்கள் இப்படித்தான் கேட்கிறார்கள். கேட்பதில் தவறில்லை. நாட்டின் நீதிமன்றங்களே பல ஆண்டுகள் இதே வாதத்தை ஏற்றுக்கொண்டவைதாம்.

1867-ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்டச் சட்டமே 'வெறும் திறமை விளையாட்டு'களுக்கு விலக்கு அளித்தது. அதன்பின் எது திறமை, எது அதிர்ஷ்டம் என்பதிலேயே வழக்குகள் சுழன்றன. 1968-இல் ரம்மி திறமை விளையாட்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1996-இல் குதிரைப் பந்தயமும் திறமையே என்றது. அந்தக் குதிரைப் பந்தய வழக்கு நம் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு என்பது பலருக்குத் தெரியாது. அந்த ஏணியில் ஏறித்தான் 2017-இல் பஞ்சாப் - ஹரியானா உயர் நீதிமன்றத்தில் ட்ரீம்11 தன்னைத் திறமை விளையாட்டு என்று நிறுவிக்கொண்டது. தமிழ்நாடு அரசு 2021-இல் கொண்டுவந்த தடைச் சட்டத்தை அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. மீண்டும் சட்டசபையில் மசோதா, ஆளுநர் திருப்பி அனுப்பியது, மறுபடி நிறைவேற்றியது, 2023 ஏப்ரலில் ஒப்புதல், அந்த நவம்பரில் மறுபடி நீதிமன்றம். சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்பதால் அவற்றுக்குப் பொருந்தாது என்று தீர்ப்பு வந்தது. இந்த இழுபறி நடந்துகொண்டிருந்த காலம் முழுவதும் வீடுகளில் பணம் போய்க்கொண்டுதான் இருந்தது.

சட்டத்தின் வாசகத்தில் கவனிக்க வேண்டிய இடம் என்றோமே, அது இதுதான்: 2025-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தக் கேள்வியையே கைவிட்டுவிட்டது. திறமையாக இருந்தாலும் அதிர்ஷ்டமாக இருந்தாலும், இன்னும் அதிகம் கிடைக்கும் என்று எதிர்பார்த்துப் பணம் கட்டினால் தடை என்று எழுதியிருக்கிறார்கள்.

மதரஸாவில் ஃபிக்ஹு நூல்களை ஓதியவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. 'முஸாபகா' என்ற பாடத்தில் குதிரையோட்டம், அம்பெய்தல் ஆகியவைதாம் முதல் உதாரணங்கள். இரண்டுமே முழுக்க முழுக்கத் திறமை சார்ந்தவை. அப்படியிருந்தும், ஆடும் இரண்டு தரப்பும் பணம் வைத்து வென்றவர் அள்ளிச் செல்வதை 'கிமார்', அதாவது சூது, என்றே இமாம்கள் சொன்னார்கள். பரிசை ஆட்சியாளரோ வெளியாள் ஒருவரோ கொடுத்தால் கூடும். ஆடுபவர்களில் ஒருவர் மட்டும் 'நீ வென்றால் நான் தருகிறேன்' என்றாலும் கூடும். ஆகப் பிரதானமாகக் கேட்கப்பட்ட கேள்வி, ஆட்டம் எவ்வளவு திறமையானது என்பதல்ல. பரிசுப் பணம் யாருடைய பையிலிருந்து வருகிறது, தோற்றால் யாருடைய பை காலியாகிறது என்பதே. 49 ரூபாய்க்கும் பதில் இதிலேயே இருக்கிறது.

விளையாட்டையே மார்க்கம் வெறுக்கிறது என்று யாரும் இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். நபி (ஸல்) அவர்கள் குதிரைகளுக்குப் பந்தயம் நடத்தினார்கள். ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடினார்கள். ருகானா என்ற மல்லருடன் மல்யுத்தம் செய்தார்கள். பெருநாளன்று மஸ்ஜிதுந் நபவியில் அபிசீனியர் ஈட்டி விளையாடியதை ஆயிஷா (ரலி) பார்க்க வழி செய்து நின்றார்கள். பந்தைக் கையில் எடுத்தாலே முகம் சுளிக்கும் பெரியவர்கள் இந்தச் செய்திகளை ஒருமுறை வாசிப்பது நல்லது.

பிள்ளைகளின் கிரிக்கெட் கனவும் வெறும் கற்பனை இல்லை. 2016-இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியபோது, தாழையூத்து பக்கத்தில் சங்கர் நகர் மைதானத்துக்கும் ஆட்டங்கள் வந்தன. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடிக்கொண்டிருந்த நடராஜன் அந்த லீக் வழியாக ஐ.பி.எல்.லுக்கும், 2020 டிசம்பரில் இந்திய அணிக்கும் போனார். சென்னையைச் சேர்ந்த ஷாருக்கானை 2021-இல் பஞ்சாப் அணி 5.25 கோடிக்கு எடுத்தது. இதையெல்லாம் பார்த்துத்தான் பிசான அறுவடை முடிந்த வயலில் நம் பையன்கள் ஸ்டம்ப் நடுகிறார்கள். நடட்டும்.

ஆனால் இந்த வாசல் வழியாகப் பந்தயம் உள்ளே நுழைந்தால் ஒரு சமுதாயம் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவைப் பார்க்கலாம். அங்கே விளையாட்டு ஏறக்குறைய ஒரு குடும்பச் சடங்கு. நவம்பரில் வரும் நன்றி கூறும் நாளில் விருந்து முடிந்ததும் வீடே உட்கார்ந்து அமெரிக்கக் கால்பந்து பார்க்கிறது. 2025-இன் சூப்பர் பவுல் இறுதிப் போட்டியை 12 கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். நகரங்கள் தங்கள் அணியின் பெயரால் தங்களை அடையாளம் காண்கின்றன. அவ்வளவு நேசம் இருப்பதால்தான், 1919 பேஸ்பால் இறுதித் தொடரில் பணம் வாங்கிக்கொண்டு தோற்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட சிகாகோ அணியின் எட்டு வீரர்களை, நீதிமன்றம் விடுவித்த பிறகும் 1921-இல் ஆயுள் முழுவதற்கும் விலக்கினார்கள். 1992-இல், நெவாடா போன்ற சில இடங்கள் தவிர, மாநிலங்கள் விளையாட்டுப் பந்தயத்தை அனுமதிக்க முடியாதபடி சட்டம் போட்டார்கள்.

2018 மே 14 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. பிறகு முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் வரிப்பணத்தை எண்ணிக் கதவைத் திறந்தன. இன்று ஆட்டத்தை ஒளிபரப்பும்போதே, அடுத்த புள்ளி யாருக்கு என்று பந்தயம் கட்டச் சொல்லி விளம்பரம் ஓடுகிறது. 2024 ஏப்ரலில் ஜான்டே போர்ட்டர் என்ற கூடைப்பந்து வீரருக்கு என்.பி.ஏ. ஆயுள் தடை விதித்தது. தன் உடல்நிலை பற்றிய தகவலைப் பந்தயக்காரர்களிடம் சொன்னார், அவர்கள் வெல்வதற்காகப் பாதி ஆட்டத்தில் வெளியேறினார் என்பது குற்றம். பேஸ்பாலின் பெரிய நட்சத்திரம் ஷோஹெய் ஓதானியின் மொழிபெயர்ப்பாளர், பந்தயக் கடனை அடைக்க அவருடைய கணக்கிலிருந்தே ஏறக்குறைய 1.7 கோடி டாலரைத் திருடி, 2025 பிப்ரவரியில் 4 ஆண்டு 9 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். கூடவே இருந்தவர், நம்பப்பட்டவர்! மதுவையும் சூதையும் சேர்த்துச் சொல்லும் அல்மாயிதா அத்தியாயத்தின் 90, 91 வசனங்கள், பகையை மூட்டுவதையும் தொழுகையை விட்டுத் தடுப்பதையும்தான் சூதின் விளைவாகச் சொல்கின்றன. பணம் போவதைவிட உறவு போவது முன்னால் நிற்கிறது.

நம் நாடும் இதைக் கண்டதுதான். 2013 ஐ.பி.எல். சூதாட்ட விவகாரத்தில் வீரர்கள் கைதானார்கள். 2015-இல் லோதா குழு சென்னை, ராஜஸ்தான் இரு அணிகளையும் ஈராண்டு விலக்கி வைத்தது. மஞ்சள் சட்டை போட்ட நம் பிள்ளைகள் அதை மறந்தே போனார்கள்.

சட்டம் வந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று இருந்துவிடவும் முடியாது. வெளிநாட்டிலிருந்து இயங்கும் பந்தயத் தளங்கள் அரசு ஒரு முகவரியை முடக்கினால் இன்னொரு முகவரியில் வருகின்றன. அதைவிட நம்மை உறுத்துவது வேறொன்று. 49 ரூபாய் கட்டும் பழக்கத்தைப் பையன் கைப்பேசியில் மட்டும் கற்கவில்லை. 'பெட் மேட்ச்' என்ற சொல் நம் தெருக்களில் செயலிகளுக்கு முன்பே இருந்தது. இந்த அணி 500, அந்த அணி 500, ஜெயித்தவனுக்கு ஆயிரம். பெரியவர்கள் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறோம். அது இமாம்கள் விலக்கிய அதே வடிவம்தான்.

கோடையில் நடக்கும் டென்னிஸ் பந்துத் தொடர் போட்டிகளின் கணக்கையும் கொஞ்சம் பார்ப்போம். 24 அணிகள், நுழைவுக் கட்டணம் ஆளுக்கு 1,500 என்று வைத்துக்கொண்டால் 36,000 ரூபாய். அதிலிருந்தே முதல் பரிசு 15,000, இரண்டாம் பரிசு 10,000, மூன்றாம் பரிசு 5,000 என்று கொடுத்தால், பெயர் கோப்பையாக இருந்தாலும் அது 24 அணிகள் சேர்ந்து ஆடும் பெட் மேட்ச். அதே 36,000 பந்து, நடுவர் சம்பளம், மைதானம், பந்தல், தண்ணீர் என்று செலவாகி, பரிசை மட்டும் கடைக்காரரோ வளைகுடாவில் இருக்கும் ஊர்க்காரரோ அன்பளிப்பாகத் தந்தால் விஷயம் மாறிவிடுகிறது. இக்கால உலமாக்கள் பலரும் இதை அனுமதிக்கிறார்கள். ரொக்கப் பரிசு இல்லாவிட்டால் அணிகளே வராது என்று சிலர் சொல்கிறார்கள். காயல்பட்டினத்தில் ஐக்கிய விளையாட்டுச் சங்கத்தார் மௌலானா அபுல்கலாம் ஆசாத் பெயரில் நெடுங்காலமாகக் கால்பந்துப் போட்டி நடத்தி வருகிறார்கள். சுழற்கோப்பைக்காக வெளியூர் அணிகள் வரத்தான் செய்கின்றன.

இடையில் ஒரு வார்த்தை. 2025 மார்ச் 4 அன்று துபையில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான அரையிறுதியில், ரமலான் பகலில் முஹம்மது ஷமி பானம் குடித்தார் என்று வடநாட்டு மவ்லானா ஒருவர் அவரைக் குற்றவாளி என்றார். நம் வாட்ஸ்அப் குழுக்களிலும் வாரக்கணக்கில் அதே பேச்சு. பயணிக்கு நோன்பில் சலுகை உண்டு என்பது மக்தப் பிள்ளைக்கும் தெரியும். அதே அணியின் சட்டையில் ட்ரீம்11 என்று எழுதியிருந்ததைப் பற்றி அந்தக் குழுக்களில் ஒரு பதிவைக்கூட நாம் பார்க்கவில்லை. தென்னாப்பிரிக்க வீரர் ஹாஷிம் ஆம்லா தன் சட்டையில் பீர் நிறுவனத்தின் சின்னம் வேண்டாம் என்றார். அவருடைய வாரியமும் ஒப்புக்கொண்டது. நம் பேச்சு அந்தப் பக்கம் போயிருக்கலாம்.

இந்தக் கோடைக்கான நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன், போட்டி நடத்தும் இளைஞர்களை ஜமாஅத் பெரியவர்கள் ஒருமுறை கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசலாம். நுழைவுக் கட்டணம் எவ்வளவு, அது எதற்குச் செலவாகிறது, பரிசை யார் தருகிறார் என்ற மூன்றையும் நோட்டீஸிலேயே அச்சடித்துவிடலாம். பரிசுக்கு ஆள் கிடைக்கவில்லை என்றால் அந்தப் பொறுப்பை ஜமாஅத்தே எடுத்துக்கொள்ளலாம். ஒரு கல்யாண வீட்டில் ஒரு வேளைப் பந்திக்கு ஆகும் செலவைவிட அது குறைவாகத்தான் இருக்கும். ஆட்டங்களின் நேரத்தை மட்டும் அஸருக்கும் மக்ரிபுக்கும் இடம்விட்டுக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.